கணவர் இறந்த பிறகு என்னென்ன உதவி கிடைக்கும்? ஒரு தங்கையின் கேள்விக்குப் பதில்

சரி, அடுத்த கேள்வி. அவிநாசிப் பக்கத்திலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். படிக்கிறேன்.

"அக்கா, வீட்டுக்காரர் மாரடைப்பில் இறந்து எட்டு மாதம் ஆகிறது. வயது 38. பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லராக இருந்தார். நான் செக்கிங் வேலைக்குப் போகிறேன். வாரத்தில் நாலு நாள் வேலை இருந்தாலே பெரிது, சனிக்கிழமை 1,500 ரூபாய் கைக்கு வரும். மகள் எட்டாவது, மகன் நாலாவது, இரண்டு பேரும் அரசுப் பள்ளி. விதவை பென்ஷனுக்கு எழுதிப் போட்டேன், நிராகரிப்பு என்று மெசேஜ் வந்துவிட்டது. பிள்ளைகளை ஏதாவது ஆசிரமத்தில் சேர்த்துவிடு என்கிறார்கள் சொந்தக்காரர்கள். எனக்கு வேறு என்ன வழி?"

வழி இருக்கிறது தங்கச்சி. ஆனால் நீங்கள் கடைசியாகப் போட வேண்டிய மனுவை முதலில் போட்டிருக்கிறீர்கள். உங்கள் தப்பு இல்லை. துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது அந்த பென்ஷனைத்தான். மாதம் 1,200 ரூபாய். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைவிடப் பெரிய பணம் உங்கள் வீட்டு பீரோவிலேயே கிடக்கலாம், முதலில் அதைப் பார்ப்போம் என்கிறேன்.

அவருடைய பேங்க் பாஸ்புக்கை எடுங்கள். பதிவு போடாமல் கிடந்தால் பேங்கில் கொடுத்துப் பதிவு போட்டு வாங்குங்கள். மே கடைசி, ஜூன் பக்கத்தில் 436 ரூபாய் பிடித்த பதிவு ஏதாவது இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். இருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. எப்படி இறந்திருந்தாலும், இயற்கை மரணம் என்றாலும், அதில் நாமினியாக எழுதியிருப்பவருக்கு 2 லட்சம் ரூபாய். ஜூன் 1 முதல் அடுத்த மே 31 வரை ஒரு வருடக் கணக்கு; அவர் இறந்த தேதி பணம் கட்டிய வருடத்துக்குள் வருகிறதா என்பதுதான் முக்கியம். கணக்குத் தொடங்கும்போது கையெழுத்து வாங்கி இதில் சேர்த்துவிடுவார்கள். சேர்ந்தவருக்கே ஞாபகம் இருக்காது, பிறகு வீட்டில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்த ஒரு அம்மா அந்த 436 ரூபாயை ஏதோ பேங்க் அபராதம் என்று நினைத்து மூன்று வருடம் அப்படியே விட்டிருந்தார். கூடியவரை 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதுதான் அதில் சொல்லியிருப்பது. எட்டு மாதம் ஆகிவிட்டதே என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். மனுவைக் கொடுங்கள், வாங்க மறுத்தால் காரணத்தை எழுதிக் கேளுங்கள்.

அடுத்தது பி.எஃப். கம்பெனியில் பிடித்தார்களா? ஜாப் ஒர்க் யூனிட்டில் வாரச் சம்பளத்துக்குத் தைத்தவர் என்றால் பெரும்பாலும் இருக்காது. கம்பெனி ரோலில் இருந்தவர் என்றால் சம்பளச் சீட்டிலோ, போனுக்கு வந்த பழைய மெசேஜிலோ யு.ஏ.என் என்கிற பி.எஃப் உறுப்பினர் எண் இருக்கும். அவர் போனை விற்றுவிடாதீர்கள், சிம்மையும் உயிரோடு வைத்திருங்கள். வேலையில் இருக்கும்போதே இறந்தவர் என்பதால் உங்களுக்கு மூன்று விதமான பணம் வர வேண்டும். அவர் கணக்கில் சேர்ந்த தொகை ஒன்று. மாத ஓய்வூதியம் இன்னொன்று. ஒரே ஒரு மாதம் பணம் கட்டியிருந்தால்கூட மனைவிக்கு இது உண்டு, குறைந்தது 1,000 ரூபாய். அதோடு இரண்டு பிள்ளைகளுக்கும் தனித்தனியாக, உங்கள் ஓய்வூதியத்தில் கால் பங்கு வீதம் 25 வயது வரை வரும். மூன்றாவதுதான் யாரும் கேட்காமல் விட்டுவிடுவது, இ.டி.எல்.ஐ என்கிற காப்பீடு. தொழிலாளி ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை, முதலாளிதான் கட்டுகிறார். தொடர்ந்து 12 மாதம் வேலையில் இருந்திருந்தால் குறைந்தபட்சம் இரண்டரை லட்சம், அதிகபட்சம் 7 லட்சம். இறப்புக்கான படிவம் ஒன்றையே நிரப்பிக் கொடுத்தால் மூன்றையும் கேட்கலாம். கம்பெனியில் கையெழுத்துப் போட இழுத்தடித்தால் பி.எஃப் அலுவலகத்துக்கு நேராகப் போங்கள்.

அப்புறம், குழுக்கடன் எடுத்திருக்கிறீர்களா? எடுக்காதவர்கள் யார் இருக்கிறார்கள். அந்தக் கடன் அட்டையில் இன்சூரன்ஸ் என்று பிடித்திருப்பார்கள், பாருங்கள். பல கடன்களில் மனைவி பெயரில் கடன் இருந்தாலும் கணவர் உயிருக்கும் சேர்த்துத்தான் காப்பீடு இருக்கும். வசூலுக்கு வருகிறவர் தாமாகச் சொல்ல மாட்டார். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இப்போது பிள்ளைகள் விஷயம். இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். வறுமை என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது, விடுதி என்பது கடைசி வழி என்பதுதான் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் கொள்கை. அதே சட்டத்தில் 45ஆவது பிரிவு நிதி ஆதரவு பற்றியது. அதன்படி, மிஷன் வாத்சல்யா என்கிற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில், பிள்ளை வீட்டில் இருந்து பள்ளிக்குப் போக மாதம் 4,000 ரூபாய் கொடுக்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு 4,000, அதிகபட்சம் 18 வயது வரை. கணவரை இழந்தவர், கைவிடப்பட்டவர், மணமுறிவு பெற்றவர் ஆகியோரின் பிள்ளைகள் இதில் வருகிறார்கள். "ஆசிரமத்தில் விடு" என்று சொல்கிறவர்களிடம் நான் ஒன்றுதான் கேட்பேன்: அங்கே ஒரு பிள்ளைக்கு ஆகிற செலவை அம்மாவிடமே கொடுத்தால் என்ன?

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000 ரூபாய்க்குள், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். உங்கள் கணக்கைப் போடுவோம். வாரம் 1,500, வருடத்துக்கு 52 வாரம், 78,000. வீடு பேரூராட்சி, நகராட்சிக்குள் இருந்தால் தகுதி உண்டு. ஊராட்சிக்குள் இருந்தால் 6,000 ரூபாய் தாண்டுகிறது! ஆனால் 52 வாரமும் வேலை இருந்ததா? ஆர்டர் இல்லாத வாரம், தீபாவளிக்கு மூடின வாரம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நீங்கள் போகாத வாரம் எல்லாம் கழித்தால் நிஜக் கணக்கு என்ன வரும்? பொய் சொல்லச் சொல்லவில்லை. உண்மையைச் சரியாக எழுதச் சொல்கிறேன். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணம். கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்க வரும்போது சம்பளக் கவர்களை எடுத்துக் காட்டுங்கள். மாமனார் வீட்டு ரேஷன் கார்டிலேயே உங்கள் பெயர் இருந்தால் அந்த வீட்டு வருமானமும் உங்கள் கணக்கில் ஏறிவிடும். தனியாகச் சமைத்துத் தனியாக இருக்கிறீர்கள் என்றால் முதலில் தனிக் கார்டுக்கு எழுதிப் போடுங்கள்.

மனு கொடுக்க வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. கலெக்டர் ஆபீஸில் விசாரித்தால் இடம் சொல்வார்கள். அங்கிருந்து வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள், பிறகு கலெக்டர் தலைமையிலான குழு முடிவு செய்யும். ஒதுக்கீட்டுக்கு மேல் மனுக்கள் வருவதால் காத்திருக்க வேண்டி வரலாம். இடையில் பிள்ளை பள்ளிக்குப் போவதை நிறுத்தினால் பணமும் நிற்கும். செப்டம்பர் 2025இல் தொடங்கிய 'அன்புக் கரங்கள்' 2,000 ரூபாயும் இதுவும் ஒன்றல்ல. அது பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவர் இறந்து மற்றவர் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கும். உடல்நலத்தோடு நீங்கள் இருக்கிறீர்கள், அதனால் அதற்கு அலைய வேண்டாம்.

மகளைப் பற்றி ஒரு வரி. யாராவது ஃபீஸ் கட்டுகிறேன் என்று சொன்னாலும் தனியார் பள்ளிக்கு மாற்றிவிடாதீர்கள். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்தால்தான் கல்லூரியில் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 கிடைக்கும்.

கடைசியாக அந்த பென்ஷன். நிராகரிப்பு என்ற மெசேஜை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி அதே மனுவைப் போடாதீர்கள். தாலுகா அலுவலகத்தில் சமூக பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் இருப்பார், அங்கே போய்க் காரணத்தைக் கேளுங்கள். பல சமயம் காரணம் சின்னதாக இருக்கும்: இறப்புச் சான்றில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், அல்லது விசாரணைக்கு வந்த அன்று வீடு பூட்டியிருந்தது. செக்கிங் வேலைக்குப் போனவர் பகலில் வீட்டில் எப்படி இருப்பார்? அதைச் சரிசெய்து புது மனுவோடு திங்கட்கிழமை கலெக்டரின் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும், இது ஆதரவற்றவர்களுக்கான திட்டம். பி.எஃப் ஓய்வூதியம் கிடைத்துவிட்டால் அதைச் சொல்லிவிடுங்கள். மகளிர் உரிமைத் தொகை 1,000 இப்போது உங்களுக்கு வந்துகொண்டிருந்தால் அதையும் சொல்லுங்கள், ஒருவருக்கே இரண்டும் கிடைக்காது.

எங்காவது முட்டுக்கட்டை வந்தால் 15100க்கு போன் செய்யுங்கள், இலவசச் சட்ட உதவி. வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே பெண்களுக்கு வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள், 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில் அந்த உரிமை இருக்கிறது.

முதலில் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் பத்து நகல் எடுத்து ஒரு ஃபைலில் போடுங்கள். அசலை யார் கேட்டாலும் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள். அந்தப் பாஸ்புக்கில் 436 இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள், அதற்கு அடுத்தது என்ன என்று பேசலாம்.