மறுமுனையில் இருக்கும் அறை

வாசகர் வட்டத்து நண்பர்களுக்கு வணக்கம். தொலைபேசியிலும் காணொளியிலும் மனநல சிகிச்சை எப்படி நடக்கிறது என்று பேசும்படி கேட்டிருந்தீர்கள். இத்தகைய கூட்டங்களில் பெரும்பாலும் கருவியைப் பற்றித்தான் பேச்சு போகும். எந்தச் செயலி நல்லது, எவ்வளவு இணைய வேகம் வேண்டும், கட்டணம் எவ்வளவு என்று கேட்பார்கள். மனநல மருத்துவராக இருபது ஆண்டுகளுக்கு மேல் நேரிலும், கொரோனா காலத்திலிருந்து திரை வழியாகவும் நோயாளிகளைப் பார்த்துவருகிறவன் என்ற முறையில், நான் கருவியை விட்டுவிட்டு மறுமுனையில் இருக்கும் அறையைப் பற்றியே பேச விரும்புகிறேன். இந்த சிகிச்சை அந்த அறையில்தான் நிற்கிறது, அல்லது சரிகிறது.

என்னிடம் ஒரு பெண் பல மாதங்கள் காணொளியில் பேசிவந்தார். ஆளை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். கூட்டுக் குடும்பம், இரண்டு அறை வீடு. பேசும் நாளன்று துணி காயப்போடப் போவதாகச் சொல்லிவிட்டு மொட்டைமாடிக்கு ஏறி, சின்டெக்ஸ் தொட்டியின் நிழலில் உட்கார்ந்துகொண்டு அழைப்பார். பின்னால் கொடியில் ஒரு பச்சைப் போர்வை ஆடிக்கொண்டிருக்கும். முதல் மூன்று அமர்வுகளில் அவர் சொன்னதெல்லாம் தூக்கமின்மையும் தலைவலியும்தான். நான்காவது அமர்வில், மாடிக் கதவை வெளியிலிருந்து தாழிட முடிகிறது என்று கண்டுபிடித்த பிறகுதான், உண்மையான சங்கதியைச் சொன்னார். நான் எந்தப் புதிய உத்தியையும் கையாளவில்லை. அவருக்கு ஒரு தாழ்ப்பாள் கிடைத்தது, அவ்வளவுதான்.

தொலைவைக் கடப்பது புதிய வித்தை அல்ல. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், ஒமாஹா நகரத்து மனநல நிறுவனத்தில், 1950களின் இறுதியிலேயே இருவழித் தொலைக்காட்சியைக் கொண்டு குழு சிகிச்சை நடத்திப் பார்த்தார்கள். 1964இல் அங்கிருந்து 112 மைல் தொலைவில் இருந்த நார்ஃபோக் அரசு மருத்துவமனையோடு இணைப்பு ஏற்படுத்தி, நிபுணர் இல்லாத இடத்துக்கு நிபுணரின் முகத்தை அனுப்பினார்கள். ஆனால், நம் ஊரில் நடந்த ஒரு முயற்சிதான் எனக்கு அதைவிடப் பெரிய பாடமாகப் படுகிறது.

மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனம், 2010இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பேருந்தை ஓட்டத் தொடங்கியது. பேருந்துக்குள் ஓர் ஆலோசனை அறை, ஒரு திரை, ஒரு மருந்தகம். நோயாளி தம் ஊருக்கு வந்து நிற்கும் வண்டிக்குள் ஏறி உட்காருவார். ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தள்ளிச் சென்னையில் இருக்கும் மனநல மருத்துவர் திரையில் தோன்றி விசாரித்து மருந்து எழுதுவார். அந்த மருந்தை அதே வண்டியில் இலவசமாக வாங்கிக்கொண்டு நோயாளி வீட்டுக்கு நடந்து போவார். இதைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் திரையைத்தான் வியக்கிறார்கள். எனக்கோ வேறு மூன்றுதான் முக்கியமாகத் தெரிகின்றன. கதவை மூடிக்கொள்ள ஓர் அறை இருந்தது. எழுதிய மாத்திரை கைக்கு வந்தது. எந்தத் தெருவில், எந்த வீட்டில், வெளியே வராமல் யார் முடங்கிக் கிடக்கிறார் என்று அறிந்து அழைத்துவர உள்ளூர்ப் பணியாளர்கள் இருந்தார்கள். இம்மூன்றும் இல்லாமல் திரையை மட்டும் கொடுத்திருந்தால், அது இன்னொரு தொலைக்காட்சிப் பெட்டியாகவே இருந்திருக்கும்.

இந்தத் தேவை எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறைபாடு அப்போது இருந்தது. அவர்களில் நோய்க்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் வரை சிகிச்சை பெறாமலே இருந்தார்கள். மருத்துவர் இல்லை என்பது மட்டும் இதற்குக் காரணம் அல்ல. இன்றும் என்னிடம் வருபவர்கள் பலர் ஊரில் ‘நரம்பு டாக்டரைப் பார்க்கப் போகிறேன்’ என்றுதான் சொல்லிவிட்டு வருகிறார்கள். என் அறைக்கு வெளியே போட்டிருக்கும் நாற்காலியில் உட்காரும்போது தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக்கூடாதே என்று கைக்குட்டையால் முகத்தை மறைத்துக்கொள்பவர்களுக்கு, அந்த நாற்காலியே தேவைப்படாத சிகிச்சை ஒரு பெரிய விடுதலை.

சட்டத்தின் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச் 25 அன்று, நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கிய அதே நாளில், இந்தியாவின் தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டுதல்கள் வெளியாயின. மருத்துவர் காணொளியிலோ தொலைபேசியிலோ எழுத்து வழியிலோ ஆலோசனை தரலாம், ஆனால் அந்த நோயாளிக்கு அது போதுமா, நேரில்தான் வரவேண்டுமா என்று முடிவு செய்யும் பொறுப்பு மருத்துவருடையது என்பது அதன் சாரம். போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தில் வரும் மருந்துகளை இந்த முறையில் எழுதக்கூடாது என்றும் அது சொன்னது. ‘டாக்டர், அந்தத் தூக்க மாத்திரையை மட்டும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள்’ என்று கேட்பவர்களிடம் நாங்கள் மறுப்பது பிகுவினால் அல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இனி, அமர்வு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். அழைப்பு இணைந்தவுடன் நான் கேட்கும் முதல் கேள்வி ‘எப்படி இருக்கிறீர்கள்?’ அல்ல, ‘இப்போது எங்கே இருக்கிறீர்கள்?’ என்பது. கோப்பில் இருக்கும் முகவரி தாம்பரமாக இருக்கும். ஆள் அன்றைக்கு ஒரு திருமணத்துக்காகத் தென்காசியில் இருப்பார். பேச்சின் நடுவே அவர் தம்மைத் தாமே மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தில் இருப்பது தெரியவந்தால், 108 ஊர்தியை எந்த ஊருக்கு அனுப்புவது? ஆகவே இருக்கும் இடம், பக்கத்தில் இருக்கும் மருத்துவமனை, அவசரத்தில் நான் அழைக்கக்கூடிய ஒரு நம்பிக்கையான உறவினரின் எண், இணைப்பு அறுந்தால் யார் யாரைத் திரும்ப அழைப்பது என்பவற்றை முதலிலேயே பேசி முடித்துவிடுகிறோம். நேரில் இருந்தால் எழுந்துபோய் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்துப் பக்கத்தில் உட்காரலாம். திரையில் அந்தக் கை எனக்கு இல்லை. அதற்குப் பதிலாகத்தான் இந்த ஏற்பாடுகள்.

இரண்டாவது கேள்வி, ‘அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா?’ என்பது. இதை நேரடியாகக் கேட்டால் உண்மையான பதில் எப்போதும் வந்துவிடாது. அதனால் இயர்போனை மாட்டிக்கொள்ளச் சொல்லி, ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லக்கூடிய விதத்தில் கேட்கிறேன். சிலரோடு முன்கூட்டியே ஒரு குறிச்சொல் பேசிவைத்திருப்பேன். ஒருவர் திடீரென்று ‘சரிங்க, ரேஷன் கார்டு நகல் நாளைக்கு அனுப்பிடறேன்’ என்பார். யாரோ உள்ளே வந்துவிட்டார் என்று பொருள். நானும் ரேஷன் கார்டைப் பற்றியே இரண்டு நிமிடம் பேசிவிட்டு அழைப்பைத் துண்டிப்பேன். வீட்டுக்குள்ளேயே அடி வாங்குகிற ஒருவருக்கு இது விளையாட்டல்ல.

பார்வை பற்றியும் சொல்ல வேண்டும். கேமரா திரைக்கு மேலே இருக்கிறது. நோயாளியின் கண்கள் திரையின் நடுவில் இருக்கின்றன. நான் அவர் கண்ணைப் பார்த்தால், அவருக்கு நான் குனிந்து எதையோ படிப்பதுபோலத் தெரியும். கேமராவைப் பார்த்தால் நேருக்கு நேர் பார்ப்பதுபோல அவருக்குப் படும், ஆனால் அவர் முகத்தில் என்ன ஓடுகிறது என்பது எனக்குத் தெரியாமல் போகும். கேட்கும்போது முகத்தையும், முக்கியமான ஒரு சொல்லைச் சொல்லும்போது கேமராவையும் பார்ப்பது என்று ஒரு பழக்கத்தை நான் வைத்திருக்கிறேன். மௌனம் இதைவிடக் கடினமானது. உளவியல் சிகிச்சையில் மௌனம் ஒரு வேலை. நேரில் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தால் அந்த இடைவெளியில் நோயாளிக்குள் ஏதோ திரண்டு வரும். காணொளியில் நான்கு வினாடி பேசாமல் இருந்தாலே ‘லைன்ல இருக்கீங்களா டாக்டர்?’ என்று கேட்டுவிடுவார், திரண்டு வந்தது கலைந்துவிடும். அதனால் ‘இருக்கிறேன், யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டு மௌனமாக இருக்கக் கற்றுக்கொண்டோம்.

திரைக்குத் தெரியாதவை சில உண்டு. மது வாடை வராது. மனச்சிதைவு நோய்க்கான மருந்து சிலருக்குக் கால்களில் ஓர் ஓயாத பரபரப்பை உண்டாக்கும். உட்காரவும் முடியாது, நிற்கவும் முடியாது. நேரில் பார்த்தால் கதவைத் திறந்த கணத்தில் தெரிந்துவிடும். திரையில் நெஞ்சுக்கு மேலேதான் மனிதர். முகம் மட்டும் தவிக்கும், அதைப் பதற்றம் என்று எண்ணி மருந்தைக் கூட்டினால் கால்களின் தவிப்பு இன்னும் கூடும். எனவே, புதிதாக மருந்து தொடங்கியவர்களிடம் கைபேசியை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டுப் பின்னால் போய் நிற்கச் சொல்வேன். நான்கு அடி நடக்கச் சொல்வேன், இரு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்வேன். விரல் நடுக்கம், கைவீச்சு குறைந்த நடை எல்லாம் ஓரளவு தெரிந்துவிடும். மனநிலையைச் சீராக்கும் லித்தியம் என்ற மருந்தை உட்கொள்பவருக்கு ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்தே ஆக வேண்டும். அதற்கு எந்தத் திரையும் உதவாது, பரிசோதனைக் கூடத்துக்குப் போகத்தான் வேண்டும்.

ஆனால், தொலைவே மருந்தாகும் நேரமும் உண்டு. இதை நான் எதிர்பார்க்கவில்லை. எரிவாயு சிலிண்டரை மூடினோமா என்று இரவில் முப்பது தடவை எழுந்து பார்க்கும் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள்; எண்ணச் சுழற்சி நோய் என்று இதைச் சொல்கிறோம். இதற்கான சிகிச்சை, அச்சத்தைத் தூண்டும் பொருளுக்கு முன்னால் நின்றுகொண்டு, சரிபார்க்கும் செயலைச் செய்யாமல் இருப்பது. என் அறையில் சிலிண்டர் கிடையாது; கற்பனையில்தான் நடத்த வேண்டும். காணொளியில் அவர் தம் சமையலறையிலேயே நிற்கிறார். ரெகுலேட்டரை ஒருமுறை மூடச் சொல்கிறேன். திரும்பிப் பார்க்காமல் கூடத்துக்கு வரச் சொல்கிறேன். பயம் பத்துக்கு எவ்வளவு என்று கேட்கிறேன். ஒன்பது என்கிறார். ஐந்து நிமிடம் கழித்தும் ஒன்பது. அவர் கண் சமையலறைப் பக்கம் போகிறது. ‘டாக்டர், ஒரே ஒரு தடவை’ என்று கெஞ்சுகிறார். காத்திருக்கிறோம். இருபதாவது நிமிடத்தில் ஏழு, அதற்குப் பிறகு ஐந்து. அந்த வீட்டுச் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே உள்ள வாசற்படியில் நடந்த இந்தச் சிகிச்சை, நேரில் வந்திருந்தால் நடந்திருக்காது. மனச்சோர்வுக்கும், பேரதிர்ச்சிக்குப் பிறகு வரும் நோய்க்கும் காணொளியில் தரும் உளவியல் சிகிச்சை நேரில் தருவதற்கு ஏறக்குறைய ஈடான பலன் தருகிறது என்று, குறிப்பாக அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களிடம் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சிறு குழந்தைகளுக்கும், உணவை மறுத்து உடல் நலிந்தவர்களுக்கும், நிலை தடுமாறிப் பிறரையோ தம்மையோ காயப்படுத்தக்கூடிய கட்டத்தில் இருப்பவர்களுக்கும் நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. நேரில் அழைத்து வாருங்கள் என்றே சொல்கிறேன்.

ரகசியம் என்ற விஷயத்துக்கு வருகிறேன். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தம் நோய் விவரங்கள் ரகசியமாக இருக்கும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. சட்டம் எழுதிவிட்டால் போதாது என்பதற்கு ஃபின்லாந்து சான்று. அங்கே வஸ்தாமோ என்ற உளவியல் சிகிச்சை நிறுவனத்தின் கணினிப் பதிவுகள் திருடப்பட்டு, 2020 அக்டோபரில் நோயாளிகளுக்கே மிரட்டல் மின்னஞ்சல்கள் போயின. பணம் தராவிட்டால் நீ மருத்துவரிடம் சொன்னதை ஊருக்குச் சொல்வேன் என்று. ஏறத்தாழ 33,000 பேரின் விவரங்கள் அதில் சிக்கியிருந்தன. குற்றவாளிக்கு 2024இல் சிறைத்தண்டனை கிடைத்தது. ஆனால் வெளியே போன சொல்லை யார் திரும்ப எடுத்து வைப்பது? ஆகவே விளம்பரத்தைப் பார்த்து ஒரு செயலியில் மனத்தைக் கொட்டும் முன், மறுபுறம் இருப்பவரின் பதிவு எண்ணைக் கேளுங்கள். மனநல மருத்துவர் என்றால் மருத்துவ மன்றப் பதிவு, மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு மன்றப் பதிவு இருக்க வேண்டும். கேட்பதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்பவரிடம் போக வேண்டாம்.

செலவு செய்ய முடியாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. கட்டணம் இல்லை, இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் எடுப்பார். தேவைப்பட்டால் நிபுணருக்கோ மாவட்ட மனநலத் திட்டத்துக்கோ அனுப்புவார். 2024க்குள் நாடெங்கும் இருந்து பத்து லட்சத்துக்கு மேற்பட்ட அழைப்புகள் வந்திருந்தன. பெரும்பாலும் வெறும் குரல்தானே என்று இதைக் குறைவாக நினைக்கிறார்கள். முகம் காட்டக் கூசுகிறவர்களுக்கு அந்தக் குறைவே வசதி. சாதாரண பட்டன் போனிலும் அது கிடைக்கிறது.

கடைசியாக, அமர்வு முடிகிற நேரத்தைப் பற்றி. நேரில் வருபவர் அழுது முடித்து, முகம் கழுவி, பேருந்தில் முக்கால் மணி நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர் போய்ச் சேருவார். அந்தப் பயணம் சிகிச்சையில் சேர்ந்தது என்று கொரோனா வரும்வரை எனக்குத் தெரியாது. திரையில் சிவப்புப் பொத்தானை அழுத்திய மறுநொடி, கீழேயிருந்து ‘துணி காயப்போட இவ்வளவு நேரமா?’ என்று குரல் வரும். அதனால் பேச்சைப் பத்து நிமிடம் முன்பே முடித்துக்கொண்டு, அழைப்பைத் துண்டிக்காமலே அவரைச் சும்மா இருக்கச் சொல்கிறேன். நானும் எதுவும் பேசுவதில்லை. கொடியில் அந்தப் பச்சைப் போர்வை ஆடுவதை இருவரும் பார்த்துக்கொண்டிருப்போம்.

உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.