பீதர்: பாறையைக் குடைந்து எழுப்பிய தலைநகரம்

[காட்சி: கோட்டையின் தெற்குப் பக்கம். வானிலிருந்து மெல்ல இறங்கும் கேமரா. மூன்று அகழிகள், நடுவே இரண்டு பாறைச் சுவர்கள்.]

கோட்டைக்கு ஓர் அகழி இருந்தால் போதாதா? இங்கே மூன்று இருக்கின்றன, அடுத்தடுத்து. இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். அகழிகளுக்கு நடுவில் நிற்கும் அந்தச் சுவர்களை யாரும் கட்டவில்லை. அகழியை வெட்டும்போது தொடாமல் விட்டுவைத்த பாறைதான் அது. முதல் அகழியைத் தாண்டி வந்த எதிரி பாறைச் சுவரில் ஏற வேண்டும், மறுபடி பள்ளத்தில் இறங்க வேண்டும், மறுபடி ஏற வேண்டும். அந்த நேரமெல்லாம் மேலே கொத்தளத்தில் இருப்பவன் சும்மா பார்த்துக்கொண்டிருக்க மாட்டான்.

இது பீதர். கர்நாடகத்தின் வடகோடி மாவட்டம். இந்தப் பக்கம் தெலங்கானா, அந்தப் பக்கம் மகாராஷ்டிரம். பாமனி சுல்தான்களின் இரண்டாவது தலைநகரம்.

[காட்சி: அகழிச் சுவரின் நெருக்கமான படம். துளைகள் நிறைந்த சிவப்புக் கல்.]

இந்த ஊரைப் புரிந்துகொள்ள அரசர்களின் பட்டியல் வேண்டாம். முதலில் கல்லைப் பாருங்கள். பீதர் இருப்பது கடல்மட்டத்துக்கு மேல் 2,000 அடிக்கும் அதிகமான உயரத்தில், ஒரு மேட்டுநிலத்தின் விளிம்பில். மேட்டின் மேல்பகுதி முழுக்கச் செம்புரைக்கல். தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். வெட்டும்போது மிருதுவாக இருக்கும், காற்றுப் பட்டதும் இறுகிவிடும். அதற்குக் கீழே எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான கறுப்புப் பாறை, பசால்ட். மேலே நீரை உறிஞ்சும் கல், கீழே நீரை எளிதில் விடாத கல். அகழி, குடிநீர், அரண்மனை அலங்காரம் என்று இந்த வீடியோவில் வரப்போகும் பலவும் இந்த இரண்டு கற்களிலிருந்து பிறந்தவைதான்.

[காட்சி: வரைபடம். குல்பர்காவிலிருந்து பீதருக்கு ஒரு கோடு நகர்கிறது.]

சரி, தலைநகரம் இங்கே எப்படி வந்தது? 1347ல் டெல்லி சுல்தானிடமிருந்து பிரிந்து பாமனி அரசு உருவானது. தலைநகரம் குல்பர்கா, இன்றைய கலபுரகி. தெற்கே ஏறக்குறைய அதே காலத்தில் எழுந்த விஜயநகரத்தோடு, கிருஷ்ணாவுக்கும் துங்கபத்திரைக்கும் இடைப்பட்ட நிலத்துக்காக ஓயாத சண்டை. 1422ல் அண்ணன் ஃபிரோஸ் ஷாவை ஒதுக்கிவிட்டு அகமது ஷா அரியணை ஏறினார். சில ஆண்டுகளில் தலைநகரை பீதருக்கு மாற்றினார். கோட்டை வேலை 1432ல் முடிந்தது.

ஏன் மாற்றினார் என்பதற்கு ஒரு கதை உண்டு. வேட்டைக்கு வந்த சுல்தானின் நாய்கள் ஒரு நரியைத் துரத்தின. ஓடிய நரி நின்று திரும்பி நாய்களை எதிர்த்ததாம். இந்த மண்ணுக்கு வீரம் இருக்கிறது என்று சுல்தான் முடிவெடுத்தாராம். பாஞ்சாலங்குறிச்சியில் முயல் நாயை விரட்டிய கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சிரிப்பு வரும். விஜயநகரத்துக்கும் இதே கதைதான் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், நரியைவிட மேட்டுநிலம்தான் நம்பக்கூடிய காரணம். விளிம்பின் ஓரத்தில் பள்ளத்தாக்கே காவல். சமதளமாக இருக்கிற தெற்குப் பக்கத்துக்குத்தான் மூன்று அகழி தேவைப்பட்டது. மழையைச் சேர்த்துவைக்கும் கல் காலடியிலேயே இருக்கிறது. குல்பர்காவில் குடும்பப் பகையும் பழைய பிரபுக்களின் கெடுபிடியும் வேறு.

[காட்சி: ஷர்ஸா தர்வாஸா. வாசலுக்கு மேலே இரண்டு பக்கமும் புலிச் சிற்பங்கள்.]

கோட்டை மதிலில் 37 கொத்தளங்கள். நகரத்துப் பக்கமிருந்து வருபவர்கள் நேராக உள்ளே நுழைய முடியாது. வளைந்து வளைந்து, ஒரு வாசலுக்குப் பின் இன்னொரு வாசல். இந்த ஷர்ஸா வாசலில் இருக்கும் கல்வெட்டு 1503ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

ரஷ்யாவின் த்வேர் நகரத்து வணிகர் அஃபனாசி நிகிதின் 1470ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கே வந்து தங்கினார். விற்பதற்காக ஒரு குதிரையைக் கொண்டுவந்து, ஜுன்னாரில் ஆளுநரிடம் அதைப் பறிகொடுத்து, படாதபாடு பட்டுத் திரும்ப வாங்கியவர். அரண்மனைக்கு ஏழு வாசல், ஒவ்வொன்றிலும் நூறு காவலர்கள், நூறு எழுத்தர்கள், உள்ளே போகிறவர் பெயரை ஒருவர் எழுதுகிறார், வெளியே வருகிறவர் பெயரை இன்னொருவர் எழுதுகிறார் என்று குறித்துவைத்திருக்கிறார். நூறு என்பது வணிகரின் கணக்காக இருக்கலாம். ஆனால் பிரபுக்கள் செல்வத்தில் புரள்கிறார்கள், நாட்டுப்புற மக்கள் வறுமையில் கிடக்கிறார்கள் என்றும் அவர் எழுதினார். மதிலைப் பார்த்து நாம் மலைக்கும்போது அந்த வரியும் நினைவில் இருப்பது நல்லது.

[காட்சி: ரங்கீன் மஹால். மரத்தூண்கள், பிறகு கறுப்புக் கல் வாசல் நிலை. கேமரா மிக அருகே போகிறது.]

உள்ளே நுழைந்ததும் இடிபாடுகளுக்கு நடுவில் ஓரளவு முழுதாக நிற்பது ரங்கீன் மஹால். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் கட்டடம்தான். பாமனிகள் காலத்தில் தொடங்கிய கட்டடத்துக்கு இன்றைய அழகைக் கொடுத்தவர், பாமனிகளுக்குப் பின் பீதரை 1542 முதல் 1580 வரை ஆண்ட அலி பரீத் ஷா. முன்கூடத்தில் செதுக்கிய மரத்தூண்கள். அவற்றின் உச்சியில் உத்திரத்தைத் தாங்கும் போதிகைகளைப் பார்த்தால் கோயில் மண்டபங்களைப் பார்த்துப் பழகிய தச்சர்களின் கை தெரியும். அதைத் தாண்டினால் பாரசீகப் பாணியில் வண்ண ஓடுகள்.

இந்த வாசல் நிலையில் கொஞ்சம் நிற்போம். கீழ்ப்பாறை என்று சொன்னேனே, அந்தக் கறுப்புக் கல்லை மெருகேற்றி, அதில் கொடியும் இலையும் எழுத்துமாகப் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள். கிளிஞ்சலின் உட்புறத்தை, அதாவது முத்துச்சிப்பி ஓட்டை, அந்தப் பள்ளத்தின் அளவுக்கே அறுத்துப் பதித்திருக்கிறார்கள். நேரே நின்று பார்த்தால் வெள்ளையாகத் தெரியும். ஓர் அடி நகர்ந்தால் இளஞ்சிவப்பும் பச்சையும் ஓடும். பீதரில் ஒரே ஓர் இடத்தைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும். தொல்லியல் துறை ஊழியரிடம் கேட்டுத்தான் திறக்கச் சொல்ல வேண்டும்.

பக்கத்திலேயே பதினாறு தூண் மசூதி, சோலா கம்பா. தலைநகரம் மாறிய காலத்தை ஒட்டியது, பருத்த உருளைத் தூண்கள், அலங்காரம் குறைவு. அரியணை மாளிகையான தக்த் மஹால், பொதுமக்களைச் சந்திக்கும் திவானே ஆம் எல்லாம் இன்று அடித்தளமும் பாதிச் சுவரும்தான்.

[காட்சி: நௌபாத். தரையில் வரிசையாகக் கிணறு போன்ற துளைகள். அப்புறம் குறுக்குவெட்டுப் படம்.]

இப்போது தண்ணீர். மேட்டின் மேல் ஆறு கிடையாது. பாரசீகத்திலிருந்து வந்தவர்கள் கையோடு கொண்டுவந்த தொழில்நுட்பம் கரேஸ். செம்புரைக்கல் மழையை உறிஞ்சுகிறது. கீழே கறுப்புப் பாறையின் மேல்பக்கம் வந்ததும் தண்ணீர் அதற்கு மேல் இறங்க வழியில்லாமல் பக்கவாட்டில் நகர்கிறது. அந்த மட்டம் பார்த்து ஒரு சுரங்கக் கால்வாயைக் குடைந்து, மிக இலேசான சரிவு கொடுத்துவிட்டால், ஏற்றமும் கமலையும் இல்லாமல் தண்ணீர் தானாக நடந்து வரும். வெயிலில் ஆவியாகாது. முற்றுகையிட்ட எதிரி கண்ணில் எளிதில் படாது. இடையிடையே இருக்கும் செங்குத்துத் துளைகள் தோண்டிய மண்ணை வெளியே எடுக்கவும், காற்று வரவும், தூர் வாரவும்.

சரிவைக் கொடுப்பதில்தான் சூட்சுமம். அதிகமானால் நீர் வேகமாக ஓடிச் சுரங்கத்தை அரித்துவிடும். குறைந்தால் தேங்கி வண்டல் அடைத்துக்கொள்ளும். பீதரை ஒட்டிய நௌபாதில் இருக்கும் கரேஸ் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் போகிறது. 21 துளைகள் இன்றும் தெரிகின்றன. நெடுங்காலம் மண் மூடிக் கிடந்ததை இந்த நூற்றாண்டில்தான் தூர் வாரினார்கள். இது தவிர சுக்ல தீர்த்தம், ஜம்னா மோரி என்று இன்னும் இரண்டு உண்டு.

ஊரின் புனித இடங்களையும் இதே நீர்தான் உருவாக்கியிருக்கிறது. குருநானக் ஜீரா குருத்வாராவில் பாறையிலிருந்து ஊற்று வருகிறது. நரசிம்மர் ஜரணியில் குகைக்குள் மார்பளவு தண்ணீரில் நடந்துதான் சாமியைப் பார்க்க முடியும்.

[காட்சி: மதரசாவின் முகப்பு. ஒரு பக்கம் மினார், மறுபக்கம் வெறுமை.]

கோட்டைக்கு வெளியே, பழைய ஊருக்குள் நிற்கிறது இது. 1472ல் கட்டிய மதரசா. கட்டியவர் மஹ்மூத் கவான். காஸ்பியன் கடலோரத்து கீலான் நாட்டுக்காரர். 1453ல் நாற்பது வயதைத் தாண்டிய வணிகராக தாபோல் துறைமுகத்தில் இறங்கினார். பீதருக்கு வந்தவர் அரசவையில் சேர்ந்து, படிப்படியாக ஏறி, அடுத்தடுத்து வந்த சுல்தான்களுக்குப் பணிபுரிந்து, கடைசியில் தலைமை அமைச்சரானார். கோவாவை விஜயநகரத்திடமிருந்து பிடித்ததும் அவர்தான்.

மூன்று மாடி. நடுவில் சதுர முற்றம். மூன்று பக்கங்களிலும் வெளியே நீட்டிக்கொண்டு, குவிமாடம் சூடிய வகுப்புக் கூடங்கள். மாணவர்கள் தங்க 36 அறைகள், ஆசிரியர்களுக்குத் தனி இருப்பிடம், மசூதி, 3,000 சுவடிகள் கொண்ட நூலகம். சமர்கந்திலும் குராசானிலும் பார்க்கும் மதரசாவை அப்படியே தக்காணத்தில் இறக்கிவைத்ததுபோல் இருக்கும். முகப்பு முழுக்க நீலம், பச்சை, மஞ்சள், வெள்ளை ஓடுகள் பதிந்திருந்தன. மினாரைப் பாருங்கள், நெளிநெளியாக மேலே ஏறும் ஓட்டுப் பட்டைகளில் இன்னும் கொஞ்சம் நிறம் மிச்சமிருக்கிறது.

[காட்சி: வரைபடம். கொண்டபள்ளியிலிருந்து காஞ்சிபுரத்துக்கு அம்புக்குறி.]

கவானின் முடிவுக்கும் காஞ்சிபுரத்துக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1481ல் சுல்தான் மூன்றாம் முகமது ஷா ஆந்திரத்தின் கொண்டபள்ளியில் முகாம் போட்டிருந்தார். அங்கிருந்து குதிரைப்படையோடு விரைந்து வந்து காஞ்சிக் கோயில்களைக் கொள்ளையடித்துத் திரும்பினார். திரும்பிய கையோடுதான் கவானின் முடிவு வந்தது.

அரசவையில் இரண்டு கட்சிகள். தலைமுறைகளாக இங்கேயே இருந்த தக்கணிகள் ஒரு பக்கம், கடல் கடந்து புதிதாக வந்த அஃபாக்கிகள் மறுபக்கம். கவான் வெளிநாட்டவராக இருந்தும் பதவிகளை இரு தரப்புக்கும் பிரித்துக் கொடுத்தார். அது பகையைக் குறைக்கவில்லை. நான்கு மாகாணங்களை எட்டாக உடைத்து, ஆளுநர் கையில் ஒரே ஒரு கோட்டையை மட்டும் விட்டு, மற்றதைச் சுல்தானின் நேரடிப் பொறுப்பில் கொண்டுவந்தபோது பகை முற்றியது. கவானின் முத்திரை வைத்திருந்தவனைக் குடிக்கவைத்து வெற்றுக் காகிதத்தில் முத்திரை வாங்கினார்கள். ஒடிசா அரசரைப் படையெடுத்து வரச்சொல்லிக் கவான் எழுதியது போல அதில் எழுதினார்கள். சுல்தான் கேட்டபோது, முத்திரை என்னுடையது, கடிதம் என்னுடையதல்ல என்று கவான் சொன்னதாக வரலாற்றாசிரியர் ஃபரிஷ்தா எழுதுகிறார். சுல்தான் விசாரிக்கவில்லை. எழுபதைத் தாண்டிய அமைச்சரின் தலை 1481 ஏப்ரல் 5 அன்று கொண்டபள்ளியிலேயே போனது.

உண்மை தெரிந்தபின் சுல்தான் நொந்துபோனார் என்கிறார்கள். அடுத்த ஆண்டே அவரும் இறந்தார். அதற்குப் பிறகு பாமனி அரசு கண்முன்னே உடைந்தது. பீஜப்பூர், அகமதுநகர், பேரார், கோல்கொண்டா என்று ஒவ்வொரு ஆளுநரும் தனிக்கடை போட்டார்கள். பீதர் பரீத் ஷாக்கள் கைக்குப் போனது. 1619ல் பீஜப்பூர் அதை விழுங்கியது.

[காட்சி: கொத்தளத்தின் மேல் பெரிய பீரங்கி. வானத்தில் பயிற்சி விமானத்தின் ஒலி.]

பின்னணியில் கேட்பது பீதர் விமானப்படைப் பயிற்சித் தளத்தின் விமானங்கள். இங்கே படம் பிடிப்பவர்களுக்கு அது பழகிப்போகும்.

மூன்று அகழியும் கடைசியில் காப்பாற்றியதா? 1657ல் இளவரசர் ஔரங்கசீப் முற்றுகையிட்டபோது கோட்டை ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. தடுத்து நின்ற தளபதி சிதி மர்ஜானின் வெடிமருந்துக் கிடங்கில் நெருப்பு விழுந்தது. அவரும் அவர் மகன்களும் தீயில் சிக்கினார்கள். அகழியைத் தாண்டுவது எப்படி என்பதற்குத்தான் இந்தக் கோட்டையில் பதில் இருந்தது, உள்ளேயே வெடித்தால் என்ன செய்வது என்பதற்கு இல்லை. 1696ல் மதரசாவில் இடி விழுந்தது. அங்கேயும் வெடிமருந்து சேமித்திருந்தார்கள் என்கிறார்கள். முகப்பில் பாதியும் ஒரு மினாரும் அன்றே சரிந்தன.

[காட்சி: பித்ரிப் பட்டறை. கறுப்புக் கூஜாவில் வெள்ளிக் கம்பி பதிக்கும் கை.]

பீதரின் பெயரை வீட்டு அலமாரி வரை கொண்டுபோனது பித்ரி வேலைப்பாடு. துத்தநாகம் பெரும்பங்கு, செம்பு கொஞ்சம். மணல் அச்சில் வார்த்து, அரம் போட்டு, மயில்துத்தக் கரைசல் பூசித் தற்காலிகமாகக் கறுப்பாக்குவார்கள். அப்போதுதான் உளிக்கோடு கண்ணுக்குத் தெரியும். கோட்டில் வெள்ளிக் கம்பியைத் தட்டி இறக்கி, மறுபடி அரம் போட்டால் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிடும், வேலைப்பாடே காணாமல் போகும். கடைசியில் பழைய கோட்டைக்குள்ளிருந்து எடுத்த மண்ணையும் நவச்சாரத்தையும் கலந்து சூடாக்கித் தேய்ப்பார்கள். உலோகம் கறுக்கும், வெள்ளி மட்டும் வெளுப்பாகவே நிற்கும். எந்த மண் ஆகும் என்பதைக் கைவினைஞர்கள் நாக்கில் வைத்துப் பார்த்தே சொல்கிறார்கள். ரங்கீன் மஹாலின் கறுப்புக் கல்லையும் வெண்சிப்பியையும் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால், ஒரே ஊரின் ரசனை என்று எனக்குத் தோன்றுகிறது.

[காட்சி: அஷ்டூர். வரிசையாகக் கல்லறைகள். குவிமாடம் பிளந்து நிற்கும் ஒன்று.]

ஊருக்குக் கிழக்கே சில கிலோமீட்டரில் அஷ்டூர், பாமனி சுல்தான்களின் கல்லறைகள். கொடுங்கோலர் என்று பெயரெடுத்த ஹுமாயூன் ஷாவின் கல்லறை மேல் இடி விழுந்து குவிமாடம் நெடுக்காகப் பிளந்துவிட்டது. கட்டடக்கலை படிப்பவர்களுக்கு அது பாடப் படம்: சுவர் எவ்வளவு தடிமன், குவிமாடம் எங்கே வளையத் தொடங்குகிறது என்று எல்லாம் வெட்டவெளிச்சமாகத் தெரியும். மக்களோ சாமி பழிவாங்கிவிட்டது என்றுதான் சொல்வார்கள்.

அகமது ஷாவின் கல்லறைக்குள் தங்க நிறமும் செந்தூர நிறமும் கலந்த சுவரோவியங்கள். ஆண்டுதோறும் அங்கே நடக்கும் நினைவு விழாவான உருஸுக்கு முஸ்லிம்களும் லிங்காயத்துகளும் வருகிறார்கள். லிங்காயத்துகளுக்கு அவர், அவர்கள் போற்றும் ஞானி அல்லமப் பிரபுவின் வடிவம்.

[காட்சி: காலை வெளிச்சத்தில் மதரசா மினார்.]

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வரி: மதரசாவின் முகப்பு கிழக்கு பார்த்தது, அதனால் ஓடுகளின் நிறம் தெரிய வேண்டுமானால் காலையிலேயே அங்கே போய்விடுங்கள். கோட்டையை அப்புறம் பார்க்கலாம். அடுத்த வீடியோ பீஜப்பூர்.