அளக்கும் முன்பே எழுதி வைப்போம்

நேயர்களுக்கு வணக்கம். விளையாட்டு அறிவியலில், புதிய பயிற்சி முறை ஒன்று வீரர்களின் துள்ளல் உயரத்தைக் கூட்டுகிறதா என்று ஓர் ஆய்வு நடப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் மூன்று முறை குதிக்கிறார்கள். மூன்றில் சிறந்ததைக் கணக்கில் எடுப்பதா, சராசரியையா? இரண்டுமே சரியான வழிகள்தான். ஆனால் எண்களைப் பார்த்த பிறகு தேர்ந்தெடுத்தால், ஏமாற்றும் எண்ணம் துளியும் இல்லாதவருக்கும் கை சாதகமான பக்கமே சாயும்.

துள்ளலோடு வேகம், கால் வலு என்று பத்து அளவுகளை எடுத்தால் சிக்கல் இன்னும் பெருகும். பயிற்சியால் துளியும் பயன் இல்லாவிட்டாலும், ஒன்றையொன்று சாராத பத்துச் சோதனைகளில் ஒன்றாவது, வழக்கமான 5 சதவீத வரம்பின்படி (பயனே இல்லாதபோதும் தற்செயலாகப் பலன் காட்ட ஒவ்வொரு சோதனைக்கும் 5 சதவீத வாய்ப்பை மட்டும் அனுமதிக்கும் வரம்பு), ‘பலன் உண்டு’ என்று காட்ட 40 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அந்த ஒன்றை மட்டும் வெளியிட்டு மற்ற ஒன்பதையும் சொல்லாமல் விட்டால், படிப்பவருக்கு எப்படித் தெரியும்?

அதனால்தான் முதல் வீரரை அளக்கும் முன்பே திட்டத்தை ‘ஓப்பன் சயின்ஸ் ஃப்ரேம்வொர்க்’ போன்ற பொதுத்தளத்தில் தேதியோடு பதிவு செய்யச் சொல்கிறோம். முதன்மை அளவு எது, எத்தனை பேர், யாரை எதற்காக விலக்குவது, எந்தப் புள்ளியியல் சோதனை, எல்லாம் அதில் இருக்க வேண்டும். மேலோட்டமாக எழுதினால் பதிவு செய்தும் பயனில்லை. ‘அதிகபட்ச ஆக்சிஜன் உள்ளெடுப்பு’ (கடும் உழைப்பில் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனின் உச்ச அளவு) என்று மட்டும் எழுதினால் போதாது. 15 விநாடிச் சராசரியா, 30 விநாடிச் சராசரியா? இடைவெளி குறுகினால் உச்ச அளவு கூடித் தெரியும். இடையில் திட்டத்தை மாற்ற நேர்ந்தால் தவறில்லை, எப்போது, ஏன் மாற்றினோம் என்பதைக் கட்டுரையில் சொல்லிவிட வேண்டும்.

ஆள் எண்ணிக்கைதான் நம் துறையின் பெரிய பலவீனம். இரண்டு குழுக்களுக்கிடையே அரை திட்டவிலக்க (ஆளுக்கு ஆள் அளவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்று காட்டும் எண்) அளவு வித்தியாசத்தை 80 சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்கக் குழுவுக்கு 64 பேர் தேவை. குழுவுக்குப் பத்துப் பேர் என்றால் அந்த வாய்ப்பு 20 சதவீதம்கூட இல்லை. அதைவிட மோசம், பத்துப் பேரில் சுமார் 0.94 திட்டவிலக்கத்துக்குக் குறைந்த வித்தியாசம், ‘பலன் உண்டு’ என்று சொல்லும் அந்த 5 சதவீத வரம்பைத் தாண்டவே தாண்டாது. ஆகவே அரை திட்டவிலக்க அளவுள்ள உண்மையான விளைவு, வரம்பைத் தாண்டி அச்சில் வரும்போது ஏறக்குறைய இரு மடங்காகவோ அதற்கும் மேலாகவோ வீங்கியிருக்கும். பயிற்சியாளர்கள் அதை நம்பித்தான் திட்டம் போடுகிறார்கள். உயர்மட்ட வீரர்கள் அத்தனை பேர் கிடைப்பது அரிது, உண்மைதான். பல ஆய்வுக்கூடங்கள் ஒரே நெறிமுறையில் அளந்து தரவைச் சேர்த்தால் எண்ணிக்கை கூடும்.

தரவைப் பொதுவில் வைக்கும்போது பெயரை நீக்கினால் மட்டும் போதாது. ஓர் அணியில் கோல்கீப்பர்கள் இரண்டு மூன்று பேர்தான். வயதும் உயரமும் இருந்தால் ரசிகரே ஆளைச் சொல்லிவிடுவார். அணியில் அவர் ஆடும் நிலையை நீக்கி, வயதை வரம்பாகக் கொடுங்கள். பகிர்வதற்கான சம்மதத்தை ஆய்வு தொடங்கும்போதே ஒப்புதல் படிவத்தில் வாங்குங்கள். அளக்காத நாளுக்கு வெற்றிடமா, சுழியமா என்பதையும் விளக்கக் கோப்பில் எழுதுங்கள்; சுழியத்தை அளவாக எடுத்துக்கொண்டால் சராசரியே சரிந்துவிடும்.

சில இதழ்கள் இன்னும் ஒரு படி முன்னே போகின்றன. தரவு சேகரிக்கும் முன்பே கேள்வியையும் முறையையும் மதிப்பிட்டு, திட்டத்தின்படி நடந்தால் முடிவு எப்படி வந்தாலும் வெளியிடுவோம் என்று ஏற்றுக்கொள்கின்றன. அடுத்த ஆய்வைத் தொடங்கும் முன் அந்த வழியை முதலில் விசாரித்துப் பாருங்கள்.