துன்பம் கொடுத்த நற்சான்றிதழ்

வணக்கம். ஜெர்மனியின் சான்சலராக இருந்த ஏஞ்சலா மெர்க்கலின் அலுவலக அறையில் ஜெர்மன் ஓவியர் எமில் நோல்டேயின் இரண்டு ஓவியங்கள் மாட்டியிருந்தன. ஒன்றில் கொந்தளிக்கும் கடலலை, மற்றொன்றில் பூந்தோட்டம். 2019இல் பெர்லினில் நடக்கவிருந்த ஒரு கண்காட்சிக்காக அலை ஓவியத்தைக் கேட்டார்கள். மெர்க்கல் இரண்டையுமே அனுப்பிவிட்டார். திரும்ப மாட்டும் எண்ணமில்லை என்றும் தெரிவித்துவிட்டார்.

இத்தனைக்கும் நோல்டே, ஹிட்லர் ஆட்சியில் நசுக்கப்பட்டவர் என்று பெயர் பெற்றவர். அது பொய்யும் அல்ல. 'சீரழிந்த கலை' என்று முத்திரை குத்தி நாஜிகள் அருங்காட்சியகங்களிலிருந்து பறிமுதல் செய்ததில் அவருடைய படைப்புகள்தான் மிக அதிகம், ஆயிரத்துக்கும் மேல். 1937இல் மியூனிக்கில் மக்கள் பார்த்துச் சிரிக்கட்டும் என்றே நடத்திய கண்காட்சியில், கிறிஸ்துவின் வாழ்க்கையை அவர் ஒன்பது பகுதிகளாக வரைந்த பெரும் படைப்பைக் கொண்டுபோய் மாட்டினார்கள். 1941இல் கலைஞர்களுக்கான அரசு மன்றத்திலிருந்து நீக்கினார்கள். அப்புறம் படங்களை விற்கவும் முடியாது, காட்சிக்கு வைக்கவும் முடியாது.

போர் முடிந்த பிறகு, இதிலிருந்து ஒரு கதை வளர்ந்தது. டென்மார்க் எல்லையை ஒட்டிய சீபுல் என்ற இடத்தில், தன் வீட்டுக்குள் ஒளிந்து ஒளிந்து சின்னச் சின்ன நீர்வண்ண ஓவியங்களைத் தீட்டிய கிழவர் என்ற கதை. அந்த ஓவியங்களுக்கு அவரே வைத்த பெயர் 'வரையப்படாத ஓவியங்கள்'. 1968இல் சீக்ஃபிரீட் லென்ஸ் ஒரு நாவல் எழுதினார். வரையவே கூடாது என்று தடை விதிக்கப்பட்ட ஓவியர், அவரைக் கண்காணிக்கும் கிராமத்துப் போலீஸ்காரர். அந்த ஓவியருக்கு முன்மாதிரி நோல்டேதான். ஜெர்மன் பள்ளிகளில் பிள்ளைகள் அதைப் படித்து வளர்ந்தார்கள். ஒரு தலைமுறைக்கே நோல்டே என்றால் அந்த நாவலின் ஓவியர்தான்.

சரி, அந்தப் பெர்லின் கண்காட்சி என்ன செய்தது? நோல்டே அறக்கட்டளை வெகுகாலம் பூட்டிவைத்திருந்த கடிதங்களை ஆய்வாளர்கள் படித்து, ஓவியங்களோடு சேர்த்துப் பொதுமக்கள் முன்னால் வைத்தார்கள். அவர் 1934இலேயே நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். யூதர்களை ஜெர்மனியிலிருந்து அப்புறப்படுத்த 1933இல் ஒரு திட்டமே தீட்டியவர். 1938இல், அதாவது படங்கள் பறிபோன பிறகு, ஹிட்லரின் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸுக்குக் கடிதம் எழுதினார். என்ன எழுதினார் தெரியுமா? ஜெர்மன் கலைக்குள் அந்நியர் புகுவதை எதிர்த்து வெளிப்படையாகப் போராடியவன் அநேகமாக நான் ஒருவன்தான் என்று. அடிக்கிறவனிடம் போய், நானும் உங்கள் ஆள்தானே என்கிற குரல் அது. போர் முடியும் வரை அந்த நம்பிக்கை அவரை விட்டுப் போகவில்லை.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வருவது மாக்ஸ் பெக்ஸ்டைன் விஷயத்தில். இருவரும் ஒரு காலத்தில் 'பாலம்' என்ற ஓவியர் குழுவில் கூட இருந்தவர்கள். 1933இல் நோல்டே, பிரச்சார அமைச்சகத்து அதிகாரி ஒருவரிடம் பெக்ஸ்டைன் ஒரு யூதர் என்று சொல்கிறார். அந்த ஆண்டில் அந்த அலுவலகத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன விளைவு என்று தெரியாத ஆளா அவர்? பெக்ஸ்டைன் யூதரே இல்லை. இருந்திருந்தால் மட்டும் அது நியாயமாகிவிடுமா என்ன? கொள்கைப் பித்து என்று இதைப் பூசி மெழுக என்னால் முடியவில்லை. சக ஓவியனைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான். நான்கு வருடம் கழித்து, அதே 'சீரழிந்த கலை' கண்காட்சியில் இருவரின் படங்களும் மாட்டப்பட்டன.

துன்பப்பட்டவர் என்ற ஒன்றே அவருக்கு நற்சான்றிதழாகிவிட்டது. நாஜிகள் இவரை வெறுத்தார்கள், எனவே இவர் நாஜிகளை வெறுத்திருப்பார் என்று எல்லோரும் கணக்குப் போட்டுக்கொண்டார்கள். 1946இல் நடந்த அரசு விசாரணையும் இப்படியே அவரைக் குற்றமற்றவர் என்று விட்டது. 1934இல் வந்த அவருடைய தன்வரலாற்றில் இருந்த யூத வெறுப்பு வரிகள், போருக்குப் பிந்தைய பதிப்பில் காணாமல் போயின. அந்த நீர்வண்ண ஓவியங்களைப் பற்றி 1963இல் பேர்பெற்ற நூலை எழுதிய விமர்சகர் வெர்னர் ஹாஃப்ட்மனும் நாஜிக் கட்சி உறுப்பினராக இருந்தவர்தான் என்பது பின்னால் வெளிவந்தது. அந்தக் கதை நோல்டேக்கு மட்டுமா தேவைப்பட்டது? நாங்களும் உள்ளுக்குள் எதிர்த்தோம் என்று சொல்லிக்கொள்ள ஆசைப்பட்ட ஒரு சமூகத்துக்கே தேவைப்பட்டது.

மெர்க்கல் அறைக்கு அப்புறம் என்ன ஆயிற்று? கார்ல் ஷ்மிட்-ரொட்லுஃப் ஓவியங்களை மாட்டலாம் என்று பார்த்தார்கள். நாஜிகளால் ஒடுக்கப்பட்டவர், அதே 'பாலம்' குழுக்காரர். அவருடைய பழைய கடிதங்களிலும் யூத வெறுப்பு இருப்பதை ஒருவர் எடுத்துக்காட்டினார். சுவரை வெறுமனே விட்டுவிட்டார்கள். பலர் இதைக் கேலி செய்தார்கள். எனக்கு அதில் கேலிக்கு ஒன்றும் தெரியவில்லை. நாட்டின் தலைவர் தன் அறையில் ஒரு படத்தை மாட்டுவது மரியாதை செய்வது. அருங்காட்சியகத்தின் வேலை வேறு.

கலையையும் கலைஞனையும் பிரித்துப் பாருங்கள் என்று சிலர் சொல்வார்கள். நோல்டேயிடம் அது அவ்வளவு எளிதில் நடக்காது. முன்பு அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே விவிலியக் காட்சிகள்தான். நாஜி ஆட்சி வந்தபின் அவற்றை விட்டுவிட்டு வைக்கிங் வீரர்கள், வடநாட்டுப் பழங்கதை உருவங்கள் என்று போகிறார். அவருடைய அரசியல் என்ன வரைந்தார் என்பதில் மட்டுமல்ல, எதை வரையாமல் விட்டார் என்பதிலும் இருக்கிறது. கடிதங்கள் வெளிவராமல் இருந்திருந்தால், இந்த மாற்றத்தை முதுமையின் புதிய தேடல் என்று நாமே மெச்சிக்கொண்டிருப்போம்.

நோல்டேயின் அந்தச் சிவப்பும் மஞ்சளும் எனக்கு இன்றும் பிடிக்கும். அருங்காட்சியகங்கள் அவற்றை இறக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் பக்கத்தில் இருக்கும் சிறு அட்டையில் 'நாஜிகளால் தடை செய்யப்பட்டவர்' என்று மட்டும் எழுதியிருந்தால், அது பாதி உண்மை. கோயபல்ஸுக்கு எழுதிய அந்த 1938ஆம் ஆண்டுக் கடிதத்தையும் அதே கண்ணாடிச் சட்டத்தில் வைக்கச் சொல்கிறேன்.