பக்கத்திரைக்குள்ளேயே தொடங்குகிற ஆட்டம்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். ராமநாதபுரத்தில் இருந்துகொண்டு பாலே நடனத்தைப் பற்றி வானொலியில் பேசப்போகிறேன் என்றதும் வீட்டில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். சனி, ஞாயிறு என் வகுப்புக்கு மண்டபம், பாம்பன், கீழக்கரை என்று பல ஊரிலிருந்தும் பிள்ளைகள் பஸ் ஏறி வருகிறார்கள். சிலர் யூடியூப் பார்த்து ஆசைப்பட்டு வந்தவர்கள், சிலர் அக்கா வருகிறாள் என்பதற்காகக் கூட வந்தவர்கள். அவர்களுடைய அம்மாக்கள் என்னிடம் அதிகம் கேட்பது ஒன்றைத்தான்: "டீச்சர், ஸ்டெப்பெல்லாம் சரியாத்தான் போடுறா. மேடையில ஏறுனா மட்டும் ஏன் எடுபட மாட்டேங்குது?"

முகராசி, பிறவி வரம் என்று பெரியவர்கள் இதற்குப் பதில் சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. பெரும்பகுதி பழக்கம்தான். அதிலும், ஆடுகிற நேரத்தைவிட ஆடாமல் நிற்கிற, நடக்கிற, காத்திருக்கிற நேரத்தில்தான் ஒரு பிள்ளை எடுபடுகிறாளா இல்லையா என்பது தெரிந்துபோகிறது. அந்த நேரத்தை யாரும் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வதில்லை.

ரஷ்ய பாலே நடனமணி அன்னா பாவ்லோவாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் ரஷ்யாவில் மேடையேறிய காலத்தில் சுழற்சி வித்தையில் இத்தாலியப் பெண்கள்தான் கொடிகட்டிப் பறந்தார்கள். 1895-இல் பியரினா லெஞ்ஞானி 'ஸ்வான் லேக்' என்கிற அன்னங்களின் ஏரி பாலேயில் ஒற்றைக்காலில் நின்று 32 சுற்று சுற்றினார். இன்றைக்கும் அந்த வேடத்தில் யார் வந்தாலும் அந்த 32-ஐ எண்ணிப் பார்க்கிற ரசிகர்கள் உண்டு. பாவ்லோவாவுக்கு மெலிந்த உடம்பு, மிகவும் வளைந்த பாதம். அந்த மாதிரி வித்தைகள் அவருக்கு லேசில் வரவில்லை. ஆனால் அவரை உலகமெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது நடன அமைப்பாளர் ஃபோக்கின் அமைத்துக் கொடுத்த, சாகப்போகிற அன்னத்தின் ஆட்டம். சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். பெரிய தாவல் எதுவும் கிடையாது. நுனிக்காலில் பொடிப்பொடியாக அடி வைத்து நகர்வது, அப்புறம் இரண்டு கை, ஒரு கழுத்து. மற்றதெல்லாம் அவர் அங்கே இருந்த விதம்தான்.

நம் ருக்மிணி தேவி அருண்டேல் 1920களின் கடைசியில் பாவ்லோவாவின் ஆட்டத்தில் சொக்கிப்போய், அவர் குழுவில் இருந்த கிளியோ நோர்டியிடம் பாலே படித்தார். உங்கள் நாட்டு நடனத்தைத் தேடிப் பாருங்கள் என்று பாவ்லோவா சொன்ன பிறகுதான் பரதத்தின் பக்கம் திரும்பினார். 1936-இல் கலாக்ஷேத்ரா பிறந்தது. பாலேக்கும் நமக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று சிரிக்கிறவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

பாலேக்காரர்கள் ஏன் இப்படிக் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறார்கள் என்றும் கேட்பார்கள். அது அரண்மனைப் பழக்கம். பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயி தானே ஆடியவர். 1653-இல், 14 வயதில், சூரியனாக வேடம் கட்டி ஆடினார். 1661-இல் நடனத்துக்கென்றே ஒரு கழகம் ஏற்படுத்தினார். அரசன் முன்னால் எப்படி நிற்பது, எப்படித் திரும்புவது, எப்படி வணங்குவது என்பதெல்லாம் அப்படியே நடனத்துக்குள் வந்துவிட்டது. இங்கேதான் நம் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். நிமிர்ந்து நில் என்றால் மோவாயைத் தூக்கிவிடுகிறார்கள். அது நிமிர்வு இல்லை, விறைப்பு. பின்கழுத்து நீள வேண்டும், தோள்பட்டை கீழே இறங்க வேண்டும், மோவாய் அதன் இடத்திலேயே இருக்க வேண்டும். கொஞ்சம் தோளைத் திருப்பி, தலையை அதற்கு இசைவாகச் சாய்ப்பதை எபோல்மான் என்பார்கள். அது வந்துவிட்டால் சும்மா நிற்கிற பிள்ளையைக்கூடத் திரும்பிப் பார்க்கத் தோன்றும்.

இப்போது கண்ணுக்கு வருகிறேன். நான் அதிகம் மல்லுக்கட்டுவது இதோடுதான்.

வகுப்பில் கண்ணாடி இருக்கிறது. பிள்ளை தன் காலைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துத்தான் திருத்திக்கொள்கிறாள். நாளடைவில் கண் கண்ணாடிக்கே அடிமையாகிவிடுகிறது. மேடையில் கண்ணாடி கிடையாது. அங்கே போனதும் கண் எங்கே போவதென்று தெரியாமல் தவிக்கும். ஒன்று தரையில் விழும், இல்லையென்றால் பக்கத்துப் பிள்ளையின் காலில் ஒட்டிக்கொள்ளும். அதனால் நிகழ்ச்சி நெருங்கிவிட்டால் நான் எல்லோரையும் கண்ணாடிக்கு முதுகு காட்டி நிற்க வைத்துவிடுவேன். முதல் நாள் அழுகைதான்.

பாம்பனிலிருந்து வருகிற ஒரு பிள்ளை, ஒற்றைக்காலில் நின்று மற்றக் காலைப் பின்னால் நீட்டும் அரபெஸ்கில் அசையாமல் நிற்பாள். ஆடுகிற வள்ளத்தில் நின்று பழகின கால், அதைச் சொல்லிக் கொடுக்கவேண்டிய தேவையே இல்லை. ஆனால் முகம் மட்டும் வெறுமையாக இருக்கும், நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்க்கும், நீட்டின கையில் கட்டைவிரல் தனியே விறைத்து நிற்கும். "தூரமாப் பாரு" என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். தூரம் என்பது ஒரு பொருள் இல்லையே, அதை எப்படிப் பார்ப்பாள்? ஒருநாள், "குந்துகால்ல நிக்கிற. எதிர்ல குருசடைத் தீவு. விரலுக்கு நேரா, கரையோரமா ஒரு மரம் தெரியுது. அது என்ன மரம்னு பார்த்துச் சொல்லு" என்றேன். கண் கூர்மையானது. நாக்கு உள்ளே போயிற்று. தேடுகிற மும்முரத்தில் கட்டைவிரலும் மற்ற விரல்களோடு போய்ச் சேர்ந்துகொண்டது. கை ஒரு சாண் நீண்ட மாதிரி இருந்தது. என்ன மரம் என்று அவள் கடைசிவரை சொல்லவே இல்லை, அது வேறு விஷயம். நடிக்கச் சொன்னால் பிள்ளைகள் விழிப்பார்கள். பார்க்க ஒரு பொருள் கொடுத்தால் பார்ப்பார்கள். கீழே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும் அங்கே ஏதோ இருக்கிறது என்று தோன்றும்.

சுழலும்போதும் கண்தான். ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டு, உடம்பு திரும்பினாலும் தலை கடைசியாகத் திரும்பி முதலில் வந்து சேர வேண்டும். இது தலை சுற்றாமல் இருக்க உதவும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பார்க்கிறவர்களுக்கு அவள் முகம் திரும்பத் திரும்பக் கிடைக்கும் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை.

பாலே புத்தகங்களில் பார்வையை மாடி இருக்கைகளின் மட்டத்துக்கு வை என்று இருக்கும். அது ஐரோப்பிய அரங்குக்குச் சரி. நம் பக்கத்தில் மேடை எங்கே? பள்ளி ஆண்டு விழா, கோயில் கொடை, சர்ச் திருவிழா. ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பலகை மேடை, முன்னால் மணலில் ஜனங்கள். இங்கே மாடியைப் பார்த்து ஆடினால் முன்வரிசைக்குப் பிள்ளையின் மோவாயும் மூக்குத் துவாரமும்தான் தெரியும். கடைசி வரிசையில் நிற்கிறவர்களின் தலை மட்டம்தான் சரியான இடம். அங்கே கடலைக்காரர் தள்ளுவண்டியில் ஒரு விளக்கு எரியும், அதைப் பிடித்துக்கொள் என்பேன். பெரிய அரங்கில் விளக்கெல்லாம் முகத்தில் அடித்து எதிரே ஒரே இருட்டாக இருக்கும். நமக்கோ நேர் எதிர். சித்தப்பா கையாட்டுவது வரைக்கும் தெரியும்.

கச்சான் காற்று அடிக்கிற மாதமென்றால் பாவாடை ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். கடற்கரை ஊரில் இரவானால் பலகையில் உப்பு ஈரம் ஏறிக்கொள்ளும். சாயங்காலமே போய் வெறுங்காலால் மேடை முழுக்க நடந்து பார்க்கச் சொல்கிறேன். பலகைக்குப் பலகை இடைவெளி இருந்தால் நுனிக்கால் செருப்பு வேண்டவே வேண்டாம், மெல்லிய செருப்பு போதும். தரையை நம்பாத பிள்ளை மேடையில் எடுபடமாட்டாள். மனசு முழுக்கக் காலில் இருக்கும்.

நுழைவுக்கு நான் பாடம் படித்தது பாலேயில் இல்லை. நம் ஊர் இசை நாடகத்தில். வள்ளி திருமணம் விடிய விடிய நடக்கும். ராஜபார்ட் மேடைக்கு வருமுன்பே உள்ளேயிருந்து குரல் வரும். அரைத்தூக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள், அப்புறம்தான் ஆள் வருவார். பாலேயில் குரல் கிடையாது, மூச்சு உண்டு. பக்கத்திரைக்குள் நிற்கும்போதே மூச்சை இழுத்து, கையை அந்த மூச்சோடு எடுத்து, உள்ளேயே முதல் இரண்டு அடியை வைத்துவிட வேண்டும். வெளிச்சத்துக்குள் வரும்போது ஆட்டம் ஏற்கனவே நடந்துகொண்டிருக்க வேண்டும். பல பிள்ளைகள் ஓடிவந்து, இடத்தைப் பிடித்து, பாவாடையைச் சரிசெய்துவிட்டு அப்புறம் புன்னகையை மாட்டிக்கொள்கிறார்கள். ஜனங்கள் பார்த்தது ஓடிவந்த பிள்ளையைத்தான். வெளியே போகும்போதும் இதுதான் கதை: திரை மறைப்பதற்கு இரண்டடி முன்னாலேயே தோள் தொங்கிவிடும்.

குழுவில் ஆடுகிற பிள்ளைகளின் அம்மாக்களுக்கு ஒரு வருத்தம், என் பிள்ளை பின்வரிசையில் நிற்கிறாளே என்று. 'ஸ்வான் லேக்' இரண்டாம் அங்கத்தில் நாயகனும் நாயகியும் ஆடும்போது மற்ற அன்னங்கள் ஓரத்தில் வரிசையாக அசையாமல் நிற்பார்கள். கால் மரத்துப்போகும், மூக்கு அரிக்கும். ஆடுவதைவிட அந்த நிற்பு கஷ்டம் என்று ஆடினவர்களே சொல்வார்கள். ஒருத்தி சோர்ந்தால் ஏரியே காணாமல் போய்விடும். கரைவலை இழுக்கும்போது அம்பாப் பாட்டுப் பாடி எல்லோரும் ஒரே மூச்சில் இழுக்கிறார்களே, அந்தக் கட்டு வேண்டும். அங்கே தனியாகத் தெரிய ஆசைப்படுகிறவள் தப்பாகத்தான் தெரிவாள்.

தப்பு நடந்தால்? நடக்கும். ரேடியோ செட்காரர் பாட்டை நடுவில் நிறுத்திவிடுவார், ரிப்பன் அவிழும். முகத்தில் மட்டும் காட்டாதே என்பதைத் தவிர இதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

கடைசியாக, செல்போனில் படம் பிடிக்கிற பெற்றோருக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டுப் போகிறேன். அடுத்த ஒத்திகையைப் பிடியுங்கள். வீட்டுக்கு வந்து சத்தத்தை அணைத்துவிட்டு, பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். ஸ்டெப் போடுகிற இடங்களை ஓட்டிவிட்டு, அவள் நிற்கிற, நடக்கிற, தன் முறைக்குக் காத்திருக்கிற இடங்களை மட்டும் பாருங்கள். கண் எங்கே இருக்கிறது, கட்டைவிரல் எங்கே இருக்கிறது, மூச்சு வாங்குகிறாளா அடக்குகிறாளா என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம். அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு அந்தப் பட்டியலோடு அனுப்பிவையுங்கள். வணக்கம்.