900 விதைக்கு என்ன பரிசு? ஓபன் வேர்ல்ட் கேம்கள் நம்மைச் சுற்ற வைக்கும் வித்தை

[காட்சி: பச்சை மலைச்சரிவு. உச்சியில் ஒற்றைக் கல். கேமின் நாயகன் லிங்க் குனிந்து அதைத் தூக்குகிறான்.]

மூச்சு வாங்க மலை உச்சிக்கு ஏறியாகிவிட்டது. மேலே ஒரு கல்லைத் தவிர வேறொன்றும் இல்லை. சும்மா தூக்கிப் பார்க்கிறோம். "யா-ஹா-ஹா!" என்று கத்திக்கொண்டே இலையை முகமூடியாக மாட்டிய ஒரு குட்டி உருவம் வந்து நம் கையில் ஒரு விதையைக் கொடுக்கிறது.

இது 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்'. 2017 மார்ச்சில் நின்டெண்டோ வெளியிட்ட கேம். அந்தக் குட்டி உருவத்தின் பெயர் கோரோக். ஹைரூல் என்ற அந்த உலகம் முழுக்க 900 கோரோக் விதைகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றை ஹெஸ்டு என்ற பாத்திரத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தால் வாள், வில், கேடயம் வைத்துக்கொள்ளப் பையில் இடம் கூடும். பையை முழுதாகப் பெரிதாக்க 441 விதை போதும். சரி, ஒருவர் விடாப்பிடியாக 900ஐயும் தேடி எடுத்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அவருக்கு என்ன கிடைக்கும்?

[காட்சி: ஹெஸ்டு ஆடுகிறார். பரிசு திரையில் மெதுவாகச் சுழல்கிறது.]

தங்க நிறத்தில், சுருள் சுருளாக ஒரு பொருள். சுற்றி வளைக்காமல் சொன்னால், பார்க்க மலம் மாதிரி இருக்கும். அதை வைத்திருந்தால், கேட்கும்போதெல்லாம் ஹெஸ்டு ஆடிக் காட்டுவார். அவ்வளவுதான்.

இதற்குக் கோபப்பட்டவர்கள் உண்டு. எனக்கு அந்த கேமிலேயே மிக நேர்மையான இடம் இதுதான். யாரும் எண்ணி எண்ணிச் சேகரிப்பதற்காக அவை அங்கே வைக்கப்படவில்லை. எந்தத் திசையில் அலைந்தாலும் ஏதாவது ஒன்று காலில் தட்டுப்பட வேண்டும் என்பதற்காகவே அத்தனை. முழுப் பட்டியலையும் முடித்தவரைப் பார்த்து கேம் சிரிக்கிறது.

இஷ்டத்துக்கு ஊர் சுற்ற விடும் 'ஓபன் வேர்ல்ட்' கேம்கள், அப்படிச் சுற்றுவதற்கு எப்படிப் பரிசு தருகின்றன? சிலவற்றில் அந்தப் பரிசே நம் ஆர்வத்தைக் கெடுத்துவிடுவது ஏன்? இந்த வீடியோவில் அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

[காட்சி: வெள்ளைப் பின்னணியில் குழந்தைகளின் கோட்டோவியம். கைகளில் வண்ணப் பேனா.]

முதலில் ஒரு நர்சரிப் பள்ளிக்குப் போக வேண்டும். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் 1973இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து நர்சரியில், வண்ணப் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவிடம், படம் வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்பே சொல்லிவிட்டார்கள். தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ். இரண்டாவது குழுவிடம் மூச்சுவிடவில்லை. வரைந்து முடித்ததும் அதே சான்றிதழை எடுத்து நீட்டினார்கள். மூன்றாவது குழுவுக்குச் சொல்லவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

ஓரிரு வாரம் கழித்து வகுப்பில் அந்தப் பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டு, யார் எவ்வளவு நேரம் வரைகிறார்கள் என்று கவனித்தார்கள். பரிசு வரும் என்று தெரிந்தே வரைந்த குழந்தைகள், மற்றவர்கள் வரைந்ததில் ஏறத்தாழப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு வாங்கிய குழந்தைகளின் ஆசை அப்படிக் குறையவில்லை. இத்தனைக்கும் இரண்டு குழுவுக்கும் கிடைத்தது ஒரே சான்றிதழ்.

நர்சரிக் குழந்தைகளிடம் கண்டதைக் கன்ட்ரோலர் பிடித்த பெரியவர்கள் மேல் அப்படியே ஏற்றிச் சொல்ல முடியாது. ஆனாலும் இதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு வழக்கமான ஓபன் வேர்ல்ட் கேமின் மேப்பைத் திறந்து பாருங்கள்.

[காட்சி: மேப் திறக்கிறது. ஐகான்கள் மழைபோல் விழுந்து நிலத்தையே மறைக்கின்றன.]

2007இல் வந்த முதல் 'அசாசின்ஸ் கிரீட்' ஒரு நல்ல யோசனையோடு வந்தது. உயரமான கோபுரத்தில் ஏறினால் சுற்றியுள்ள பகுதி மேப்பில் தெளிவாகும். மேலே ஏறியவருக்கு ஊர் தெரிகிறது. நியாயம்தானே? 2012இல் 'ஃபார் கிரை 3' அதையே ரேடியோ டவராக மாற்றியது. அப்புறம் எங்கு பார்த்தாலும் இதே சடங்கு. டவர் ஏறு, மேப் திறக்கும், ஐகான்கள் கொட்டும். இங்கே பெட்டி, அங்கே எதிரி முகாம், அதோ இன்னொரு பெட்டி. அந்த நொடியிலிருந்து நம் கண் உலகத்தின் மேல் இருப்பதில்லை. மளிகைச் சீட்டில் வாங்கிய சாமானை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவதுபோல் மேப்பைப் பார்த்து முடித்துக்கொண்டு போகிறோம்.

நல்ல கேம்களும் இதில் மாட்டியிருக்கின்றன. 2015இல் வந்த 'தி விட்சர் 3'இன் பக்கக் கதைகளுக்கு நான் அடிமை. ஆனால் அதே கேமில் ஸ்கெல்லிகே தீவுகளைச் சுற்றிய கடலைப் பாருங்கள், தண்ணீர் முழுக்கக் கேள்விக்குறிகள். படகை ஓட்டிக்கொண்டு போனால் பெரும்பாலும் கடத்தல்காரர்கள் போட்டுவிட்டுப் போன சரக்குதான். மேலே வந்து கொத்தும் சைரன் என்ற பறக்கும் அரக்கிகளை அடி, மூழ்கு, எடு, அடுத்த கேள்விக்குறிக்குப் போ. அந்தக் குறிகள் மட்டும் இல்லாமல் அலையில் ஒரு பீப்பாய் மிதப்பதை நாமே பார்த்துக் கண்டுபிடித்திருந்தால், அது ஒரு சின்ன மகிழ்ச்சியாக இருந்திருக்கும்.

தயாரிப்பவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. கோடிக்கணக்கில் செலவழித்து உருவாக்கிய குகையை யாருமே பார்க்காமல் போனால் வயிறு எரியத்தான் செய்யும். ராத்திரி வேலை முடிந்து வந்து முக்கால் மணி நேரம் ஆடுகிறவருக்கும் எங்கே போவது என்று யாராவது சொன்னால் உதவியாகத்தான் இருக்கும்.

[காட்சி: ஹைரூல். தூரத்தில் இரட்டை மலை. கேமரா மெதுவாக நகர்கிறது.]

மேப்பில் குறி வைக்காமல் ஒருவரை ஓரிடத்துக்கு வரவழைக்க வேறு என்ன வழி? 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' குழு இதில் நிறையவே மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறது. 2017இல் ஜப்பானில் நடந்த செடெக் என்ற கேம் தயாரிப்பாளர்கள் மாநாட்டில் அவர்களே இதைப் பற்றிப் பேசினார்கள். ஆரம்பகாலச் சோதனையில் டவர்களை ஆங்காங்கே நட்டு, ஆடுகிறவர்களை அவற்றை நோக்கிப் போக விட்டார்களாம். பெரும்பாலோர் டவருக்கு டவர் ஒரே தடத்தில் நடந்தார்கள். யாரோ கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதுபோல் இருக்கிறது என்ற குறை வந்தது.

அதற்கு அவர்கள் கண்ட தீர்வு, முக்கோணம். ஹைரூலில் மலை, மேடு, பாறை என்று எதை எடுத்தாலும் முக்கோண வடிவம்தான். முக்கோணத்துக்கு இரண்டு குணம் உண்டு. கண் தானாக உச்சிக்குப் போகும். பின்னால் இருப்பது மறைந்துவிடும். ஆக நமக்கு முன்னால் எப்போதும் ஒரு கேள்வி நிற்கும்: ஏறிக் கடப்பதா, சுற்றிக்கொண்டு போவதா? சுற்றிப் போனால் மேட்டுக்குப் பின்னால் இருந்தது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். முதலில் ஒரு கூரையின் முனை, அப்புறம் புகை, அப்புறம் குதிரைத்தலை வடிவில் ஒரு லாயம். அதை நோக்கி நடக்கும்போது அடுத்த மேட்டுக்குப் பின்னால் இன்னொன்று தலை நீட்டும். பெரிய முக்கோணங்கள் தூரத்து அடையாளத்துக்கு, நடுத்தரமானவை பார்வையை மறைக்க, சின்னப் பாறைகள் நடையின் வேகத்தை மாற்ற என்று மூன்று அளவு வைத்திருந்தார்கள்.

இதன் மேல் இன்னொரு கணக்கும் உண்டு. ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் ஈர்ப்பு. வாள் உடைந்தவருக்கு எதிரி முகாம் இழுக்கும், அடிபட்டவருக்குப் படுத்து ஓய்வெடுக்க லாயம் இழுக்கும். இருட்டினால் எல்லாம் மாறும். பகலில் கண்ணில் படாத ஷ்ரைன் என்ற புதிர்க் கோயில் ராத்திரியில் ஆரஞ்சு நிறத்தில் மின்னும், இழுப்பு அந்தப் பக்கம் திரும்பிவிடும். ஒரே மலை மேல் நிற்கும் இரண்டு பேர் இரண்டு திசையில் இறங்கிப் போவார்கள். இருவருமே அது தன் சொந்த முடிவு என்று நம்புவார்கள். பாதி சூழ்ச்சி என்று கூடச் சொல்லலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை.

டவர் இங்கேயும் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் அதில் ஏறினால் நிலத்தின் வரைபடம் மட்டுமே கிடைக்கும். ஐகான் கொட்டாது. அங்கே நின்று கையிலிருக்கும் கருவியின் தொலைநோக்கியால் நாமே சுற்றிப் பார்த்து, பிடித்த இடத்தில் நாமே குறி வைத்துக்கொள்ள வேண்டும். கடைசிப் பகைவன் கானன் இருக்கும் கோட்டைக்குக் கூட, தொடக்க மேட்டு நிலத்தை விட்டு இறங்கிய உடனே நேராகப் போகலாம். போனால் அநேகமாகச் செத்துத் திரும்புவோம், அது வேறு விஷயம்.

உலகத்தின் அளவை எப்படி முடிவு செய்தார்கள் தெரியுமா? இயக்குநர் ஹிதேமாரோ ஃபுஜிபயாஷிக்குச் சொந்த ஊர் கியோட்டோ. தனக்கு நன்றாகப் பழகிய அந்த நகரின் வரைபடத்தை கேம் உலகத்தோடு ஒப்பிட்டு, எதிலிருந்து எது எவ்வளவு தூரத்தில் இருக்கலாம் என்று கணக்குப் போட்டார். நடந்து பழகிய தூரம்தான் அளவுகோல்.

அளவைப் பெருக்குவது மட்டும் போதாது என்பதற்கு 2016இல் வந்த 'நோ மேன்ஸ் ஸ்கை' சாட்சி. 18 போட்டு அதன் பின்னால் 18 பூஜ்யம், ஏறத்தாழ அத்தனை கிரகங்கள். எல்லாம் கணக்குச் சூத்திரத்தால் தானாக உருவாகுபவை. வெளியானபோது, பத்து கிரகம் பார்த்ததும் பதினொன்றாவது எப்படி இருக்கும் என்று ஊகிக்க முடிந்தது. பல ஆண்டுகள் இலவச அப்டேட் கொடுத்து அதை நன்றாகவே தேற்றிவிட்டார்கள். ஆனால் அந்த முன்னேற்றத்தைக் கிரகங்களின் எண்ணிக்கை கொண்டுவரவில்லை.

[காட்சி: எல்டன் ரிங். மூடுபனிக் காடு. நடுவில் பாழடைந்த ஒரு கல் மண்டபம்.]

2022 பிப்ரவரியில் வந்த 'எல்டன் ரிங்' இதே வழியில் நடக்கிறது, கொஞ்சம் குரூரமாக. தொடங்கிக் கதவைத் திறந்து வெளியே வந்தால், எதிரே தங்கக் கவசம் போட்ட ஒரு குதிரை வீரன். மோதினால் ஓரிரு அடியில் கதை முடியும். ஒதுங்கிப் போகவும் ஓட வேண்டிய நேரத்தில் ஓடவும் முதல் பாடம் அங்கேயே. எந்த வேலை பாக்கி என்று எழுதி வைக்கும் குவெஸ்ட் பட்டியல் கிடையாது. மேப்பின் விளிம்பு கூட முதலில் தெரியாது. நாம் போகப் போக அது வளரும். ஓ, இன்னும் இருக்கிறதா என்று தோன்றிக்கொண்டே இருக்கும்.

மிஸ்ட்வுட் காட்டில் ஒரு மண்டபம். உள்ளே ஒரு லிஃப்ட். நின்றால் கீழே இறங்கும், இறங்கும், இறங்கிக்கொண்டே இருக்கும். ஏதோ சின்னப் பாதாள அறை என்று நினைத்திருப்போம். கதவுக்கு அப்பால் நிலத்தடியில் நட்சத்திரம் நிறைந்த வானம், ஓர் ஆறு, இடிந்த நகரம். சியோஃப்ரா நதி. மேப்பில் இதற்கு முன் ஒரு புள்ளி கூட இல்லை. அந்த நர்சரியின் இரண்டாவது குழுவுக்குக் கிடைத்த சான்றிதழ் மாதிரிதான்.

அதே கேமில் எதிர்மாறான பரிசும் உண்டு. ஏரிக்கரையில் எரிந்துபோன இடிபாடு, கீழே நிலவறை, அதில் ஒரு பெட்டி. திறந்தால் புகை. கண் விழிக்கும்போது கேலிட் என்ற பயங்கரமான பகுதியின் சுரங்கத்துக்குள் கிடப்போம். வாசலைத் தேடிப் பிடித்து வெளியே வரும்வரை கெஞ்சினாலும் வழியில்லை. திட்டிக்கொண்டே வெளியே வந்தால் செக்கச் சிவந்த வானம். வெகு நேரம் கழித்து வர வேண்டிய இடத்துக்குத் திருட்டுத்தனமாக வந்துவிட்டோம் என்று ஒரு சந்தோஷம்!

[காட்சி: சின்ன மர விண்கலம். இரண்டு கிரகங்களுக்கு நடுவே மணல் ஒரு தூணாகப் பாய்கிறது.]

என்னைக் கேட்டால், இந்த விஷயத்தில் எல்லாவற்றையும் தாண்டிப் போனது 2019இல் வந்த 'அவுட்டர் வைல்ட்ஸ்'. அலெக்ஸ் பீச்சம் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவராக இருந்தபோது தொடங்கிய வேலை; மோபியஸ் டிஜிட்டல் என்ற சின்னக் குழு அதை முடித்தது. ஒரு குட்டிச் சூரியக் குடும்பம். 22 நிமிடத்தில் சூரியன் வெடிக்கும். நாம் செத்து மறுபடி அதே காலையில் கண் விழிப்போம்.

புது வாள் இல்லை, லெவல் இல்லை, காசு இல்லை. ஒரு சுற்றிலிருந்து அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோகக் கிடைப்பது நாம் தெரிந்துகொண்டது மட்டும்தான். இரட்டைக் கிரகங்களில் ஒன்றின் மணல் மற்றொன்றுக்குக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. ஒரு பக்கம் குகைகள் நிரம்புகின்றன, மறுபக்கம் புதைந்த கோபுரங்கள் வெளியே வருகின்றன. எந்தக் கதவு எந்த நிமிடத்தில் திறந்திருக்கும் என்பதை அலைந்துதான் அறிய வேண்டும். எல்லாம் தெரிந்தவர் சில நிமிடங்களிலேயே கேமை முடித்துவிடலாம். அதனால்தான் இதை ஆடியவர்கள் ஆடாதவர்களிடம் வாயே திறக்க மாட்டார்கள். நானும் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். இதன் குறையும் அதுவேதான்: ஒரு முறை தெரிந்ததை மறந்துவிட்டு மறுபடி ஆட முடியாது.

[காட்சி: செட்டிங்ஸ் திரை. ஒவ்வொரு தேர்வாக அணைக்கப்படுகிறது.]

உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் கேமில் குறிகளை அணைத்து ஆடலாமா? சிலவற்றில் தாராளமாக. 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' செட்டிங்ஸில் புரோ மோட் என்று ஒன்று உண்டு. மினி மேப் மறைந்துவிடும், முக்கோணங்கள் முழுசாக வேலை செய்யும். 2018இல் வந்த 'அசாசின்ஸ் கிரீட் ஒடிசி'யில் எக்ஸ்ப்ளோரேஷன் மோட் தேர்ந்தெடுத்தால், வேலை தருபவர் இன்ன நாட்டில், இன்ன இடத்துக்குத் தெற்கே என்று குறிப்பு மட்டும் சொல்வார். மிச்சத்தை நாமும், நமக்காகப் பறந்து வேவு பார்க்கும் கழுகும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2020இல் வந்த 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா'வில் அம்புக்குறிக்குப் பதில் காற்று வீசி வழி காட்டும். அங்கே அணைக்கவே வேண்டாம், புல் சாய்வதைப் பார்த்துக் குதிரையை விட்டால் போதும்.

'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ்' வரிசையில் மட்டும் எதை எடுக்கிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2002இல் வந்த 'மாரோவிண்ட்'டில் குவெஸ்ட் குறியே கிடையாது. ஆனால் வழி கேட்டால் பாத்திரங்கள் பாலம், பாறை, திருப்பம் என்று விவரமாகச் சொல்வார்கள், அது குறிப்பேட்டிலும் ஏறும். 2006இல் 'ஒப்ளிவியன்' வந்தபோது எல்லா வசனத்துக்கும் குரல் கொடுத்தார்கள், திசைகாட்டியில் அம்பும் வந்தது. வழி சொல்லும் பேச்சு சுருங்கிப்போனது. 2011இன் 'ஸ்கைரிம்' ஆட்கள் குகையின் பெயரைச் சொல்வார்கள், பெரும்பாலும் அதற்கு மேல் வழி சொல்ல மாட்டார்கள். அங்கே அம்பை அணைத்துவிட்டால் கிளேர்வாயன்ஸ் என்ற வழிகாட்டி மந்திரம்தான் துணை. அதை முதலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.