பேக்கப் மெஷின் பேசணும்

வணக்கம் நேயர்களே. என்னை இன்னைக்கு கூப்பிட்டது ஒரு கம்ப்யூட்டர்ல இருக்குற ஃபைலை இன்னொரு கம்ப்யூட்டருக்கு தானா காப்பி ஆக வைக்கிறது எப்படின்னு பேசத்தான். இதுல ஒரு கஷ்டம் இருக்கு, நான் செய்யுற வேலைல பாதி கறுப்புத் திரையில கமாண்ட் அடிக்கிறது, அதை ரேடியோல எப்படி காட்டுறது. அதனால கமாண்ட் எதையும் எழுத்துக்கு எழுத்து சொல்லப் போறதில்ல, என்ன நடக்குதுன்னு மட்டும் சொல்றேன்.

முதல்ல, ராத்திரி 2 மணிக்கு யாரும் முழிச்சிருந்து காப்பி பண்ண மாட்டோம். அதுக்கு லினக்ஸ் மெஷின்ல, சொன்ன நேரத்துக்கு சொன்ன வேலையைத் தானா ஓட்டுற க்ரான்னு ஒண்ணு இருக்கு. அஞ்சு இடம் வெச்சிருக்கும்: நிமிஷம், மணி, தேதி, மாசம், கிழமை. முதல் ரெண்டுல சைபர், ரெண்டுன்னு போட்டு மிச்ச மூணுலயும் நட்சத்திரக் குறி போட்டீங்கன்னா தினமும் ராத்திரி 2 மணிக்கு ஓடும். அந்த நேரத்துல மெஷின் ஆஃப்ல இருந்தா? ஓடாது, காலைல ஆன் பண்ணின பிறகும் விட்டதைப் பிடிக்காது. அதுக்கு அனாக்ரான் மாதிரி வேற ஏற்பாடு வேணும். இன்னொண்ணு, ஸ்கிரிப்ட்னா கமாண்டுகளை வரிசையா எழுதி வெச்ச ஃபைல், கையால ஓட்டினா ஜம்முனு ஓடுற அது க்ரான்ல போட்டா படுத்துக்கும், ஏன்னா நீங்க லாகின் பண்ணும்போது கிடைக்குற செட்டிங் எதுவும் க்ரானுக்கு கிடையாது, எந்த ப்ரோக்ராம் எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு முழுப் பாதையும் எழுதிக் குடுத்தாதான் அதுக்கு கண்ணு தெரியும். இதுல தலையைப் பிச்சுக்காத ஆளே எங்க தொழில்ல கிடையாது.

சரி, காப்பி பண்றது யாரு? ஆர்சிங்க்னு ஒரு ப்ரோக்ராம். 1996ல ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மக்கெராஸ்னு ரெண்டு பேர் ஆஸ்திரேலியாவுல எழுதினது. உங்ககிட்ட ஒரு தடி நோட்டு இருக்கு, வெளியூர்ல இருக்குற ஃப்ரெண்டுகிட்ட அதோட பழைய நகல் இருக்கு, நகலை புதுப்பிக்கணும், போன்ல முழு நோட்டையும் படிச்சுக் காட்டுவீங்களா? மாட்டீங்க. அவரு நோட்டோட ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கூட்டுத்தொகை மாதிரி போட்டுச் சொல்லுவாரு, நீங்க உங்க நோட்டோட ஒப்பிட்டுப் பாத்து, ஒத்துப் போகாத இடத்தை மட்டும் படிப்பீங்க. அவ்வளவுதான் ஆர்சிங்க். நடுவுல ஒரு வரி புதுசா சேர்ந்து பின்னாடி எல்லாம் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தாலும் கண்டுபிடிச்சிடும், அதுலதான் அவங்க கெட்டிக்காரத்தனமே இருக்கு. நெட்வொர்க்குல போறது கொஞ்சம், நேரமும் கொஞ்சம்.

இப்ப நான் சொல்ல வந்த கதை. நான் வேலை பாத்த ஒரு இடத்துல ரெண்டு மெஷின். ஒண்ணுல எல்லாருடைய ஃபைலும், இன்னொண்ணு பேக்கப். நான்தான் செட் பண்ணினேன், பெருமையாவும் இருந்தேன். ஆர்சிங்க்ல டெலிட்னு ஒரு ஆப்ஷன் உண்டு. இங்க அழிச்ச ஃபைல் அங்கயும் அழிஞ்சிடும், ரெண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி ஒண்ணா இருக்கும். சுத்தமா இருக்கட்டுமேன்னு அதையும் போட்டு வெச்சேன். எட்டு மாசம் ஓடுச்சு, ஒரு புகார் இல்ல.

ஃபைல் எல்லாம் இருந்தது தனி ஹார்ட் டிஸ்க்ல, அந்த டிஸ்க் ஒரு ஃபோல்டர்ல மவுண்ட் ஆகி இருக்கும், அதாவது அந்த ஃபோல்டரைத் திறந்தா டிஸ்க்ல இருக்குறது தெரியும். ஒரு நாள் சாயங்காலம் மெஷின் ரீஸ்டார்ட் ஆச்சு. திரும்ப எழுந்தப்போ டிஸ்க் மவுண்ட் ஆகல. இங்க கொஞ்சம் கவனிங்க. டிஸ்க் இல்லைன்னாலும் அந்த ஃபோல்டர் இருக்கும், காலியா இருக்கும். ராத்திரி 2 மணி, க்ரான் எழுந்துச்சு, ஆர்சிங்க்கை எழுப்பிச்சு. அது இந்தப் பக்கம் பாத்துச்சு, காலி. அந்தப் பக்கம் பாத்துச்சு, ஒரு லட்சத்துக்கு மேல ஃபைல். ஓஹோ எல்லாத்தையும் அழிச்சிட்டாங்க போலன்னு அங்கயும் ஒண்ணு விடாம துடைச்சு வெச்சிடுச்சு. படிக்க முடியாம எரர் வந்திருந்தாலாவது அழிக்கிறதை நிறுத்தியிருக்கும், ஆனா காலி ஃபோல்டர் எரர் இல்லையே, நல்லா படிக்க முடியுற காலி ஃபோல்டர். என்ன நடந்துச்சுன்னு எழுதி வைக்கிற லாக்ல கடைசி வரி என்ன தெரியுமா? வெற்றிகரமா முடிஞ்சதுன்னு.

காலைல டிஸ்க்கை கழட்டி மாட்டிப் பாத்தோம், வேற மெஷின்ல போட்டுப் பாத்தோம், டக் டக்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். டிஸ்க் செத்துட்டதாலதான் மவுண்டே ஆகல. அதாவது எந்த ஒரு நாளைக்காக பேக்கப் வெச்சிருந்தேனோ சரியா அதே ராத்திரி பேக்கப்பை என் ஸ்கிரிப்ட்டே அழிச்சிருக்கு. கூட வேலை பாத்த ஒரு அக்கா ரெண்டு மாசம் முன்னாடி ஏதோ வேலைக்காக ஒரு டிஸ்க்ல காப்பி எடுத்து மேசை டிராயர்ல போட்டு மறந்திருந்தாங்க, அதை வெச்சு மீண்டோம். அந்த ரெண்டு மாச வேலை? போனது போனதுதான். அந்த டக் டக் சத்தத்தை இப்ப நினைச்சாலும் வயித்தைப் பிசையும்.

அதுக்கப்புறம் நான் செஞ்சது ரொம்பச் சின்ன விஷயம். அந்த டிஸ்க்குக்குள்ள ஒரு காலி ஃபைல் போட்டு, "இருக்கேன்"னு அதுக்கு பேர் வெச்சேன். ஸ்கிரிப்ட்டோட முதல் வேலை அந்த ஃபைலைத் தேடுறது. கிடைக்கலையா, எதையும் தொடாம நின்னு கத்தணும். பேக்கப் பக்கத்து டிஸ்க்குலயும் அதே மாதிரி ஒண்ணு, ஏன்னா அந்த டிஸ்க் மவுண்ட் ஆகலைன்னா காப்பி எல்லாம் மெஷினோட சொந்த டிஸ்க்ல போய் நிரம்பி அதுவே மூச்சுத் திணறும். ஆர்சிங்க்லயே இத்தனை ஃபைலுக்கு மேல அழிக்காதேன்னு வரம்பு போடவும் வழி இருக்கு, போட்டுக்கோங்க.

திரும்பச் சொல்றேன், கண்ணாடி மாதிரி காப்பி எடுக்குறது பேக்கப் ஆகாது. நீங்க தப்பா ஒரு ஃபைலை அழிச்சா, அந்தத் தப்பையும் அச்சு அசலா அங்க கொண்டு போயிடும். நேத்து எப்படி இருந்தது, முந்தாநாள் எப்படி இருந்ததுன்னு தனித்தனியா வேணும். தினம் முழுசா காப்பி எடுத்தா இடம் பத்தாதேன்னு கேப்பீங்க. மாறாத ஃபைலை திரும்ப எழுதாம, பழைய காப்பிக்கே இன்னொரு பேர் குடுத்துட்டுப் போற வழி ஆர்சிங்க்ல இருக்கு, ஹார்ட் லிங்க்குன்னு சொல்லுவோம். ஃபோல்டரைத் திறந்தா முப்பது நாளும் முழுசா தெரியும், டிஸ்க்ல இடம் புடிக்கிறது ஒரு முழுக் காப்பியும் தினசரி மாறினதும் மட்டும்தான்.

கத்தணும்னு சொன்னேன்ல, எங்க கத்துறது? மெயில்லன்னு சொல்லுவீங்க. 2017 ஜனவரி 31ஆம் தேதி கிட்லாப்னு, ப்ரோக்ராமர்ங்க கோடு போட்டு வைக்கிற தளம், அங்க ஒரு இன்ஜினியர் வேற சர்வர்னு நினைச்சு நிஜ டேட்டாபேஸையே அழிச்சிட்டாரு. பேக்கப் எங்கன்னு தேடினா, தினசரி பேக்கப் வெர்ஷன் பொருந்தாததால ஃபெயில் ஆகிட்டே இருந்திருக்கு. ஃபெயில்னு மெயிலும் போயிருக்கு, ஆனா அந்த மெயிலை வாங்குற சர்வர் ஏத்துக்கல. யாருக்கும் தெரியல. ஆறு மணி நேரம் முன்னாடி வேற வேலைக்காக தற்செயலா எடுத்த ஒரு காப்பிதான் காப்பாத்துச்சு. எங்க அக்காவோட டிராயர் டிஸ்க் மாதிரியே இல்ல? நடந்ததை ஒளிக்காம அவங்களே எழுதி வெளியிட்டாங்க, அதுக்கு ஒரு கும்பிடு.

அதனால நான் தப்பு நடந்தா சொல்லுன்னு வைக்கிறதில்ல, நல்லா முடிஞ்சா சொல்லுன்னு வைக்கிறேன். தினம் காலைல எத்தனை ஃபைல் வந்துச்சு, எவ்வளவு இடம் பாக்கின்னு ஒரு வரி என் போனுக்கு வரும். வரலைன்னா அன்னைக்கு காபிக்கு முன்னாடி அதுதான் வேலை. செத்துப்போன மெஷின் எப்படிங்க நான் செத்துட்டேன்னு மெயில் போடும்?

நேரம் ஆச்சுன்னு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கை காட்டுறாங்க. பாஸ்வேர்ட் இல்லாம ரெண்டு மெஷினும் பேசிக்கிறதுக்கு எஸ்எஸ்ஹெச் சாவின்னு ஒரு ரகசிய ஃபைல் வைக்கிறது பத்தி பத்து நிமிஷம் வெச்சிருந்தேன், ஒரே வரில சொல்றேன், பேக்கப் மெஷின்தான் வந்து எடுத்துட்டுப் போகணும், உங்க மெஷின்கிட்ட பேக்கப்போட சாவியைக் குடுக்காதீங்க, உங்க மெஷின்ல வைரஸ் புகுந்தா அந்தச் சாவியை வெச்சே அங்கயும் போயிடும். அப்புறம் திரும்ப எடுத்துப் பாக்குறது, அதைத்தான் முதல்ல சொல்லியிருக்கணும், மாசம் ஒரு தடவை பேக்கப்ல இருந்து ஏதாவது ஒரு ஃபைலை எடுத்து திறக்குதான்னு பாருங்க, சின்ன ஃபைலா இல்லாம பெருசா ஒண்ணு. சரி சரி, முடிச்சிட்டேன். வணக்கம்.